காராச்சேவு வண்டி

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். கம்பத்தில் ஒச்சாண்டியின் ஜீப்புக்கு மணியும் வேண்டாம், ஆரனும் வேண்டாம். வண்டி தெருமுனை திரும்புவதற்குள் காராச்சேவு பொரிக்கிற மணம் மூக்கில் ஏறிவிடும். பிள்ளைகள் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு, "காராச்சேவு வண்டி டோய்!" என்று பின்னால் ஓடுவார்கள். ஒச்சாண்டியும் லேசுப்பட்டவன் இல்லை. சீட்டுக்கடியில் ஒரு பொட்டலம் சேவு நொறுங்கல் வைத்திருப்பான். ஓடி வருகிறவர்களுக்கு ஒரு கை அள்ளிக் கொடுத்துவிட்டுத்தான் கியரை மாற்றுவான்.

வாசனைக்குக் காரணம் டீசல் தட்டுப்பாடு. எழுபத்தொன்பதில் ஊரெங்கும் டீசலுக்கு அடிதடி. பெட்ரோல் பங்கில் கேனை வரிசையில் வைத்துவிட்டு அங்கேயே சோறு தின்று அங்கேயே படுத்துக் கிடந்தார்கள். லாரிகள் ரோட்டோரம் படுத்துவிட்டன. கம்பத்திலிருந்து மலைக்கு ஏலக்காய்த் தோட்டத்து ஆட்களை ஏற்றிப்போகும் ஜீப்புகளில் பாதி ஓடவில்லை. ஒச்சாண்டிக்கு இருந்தது ஏலத்தில் எடுத்த பழைய டீசல் ஜீப்பு ஒன்றுதான். ஆனால் அவன் கவலைப்பட்டது பிழைப்பை நினைத்து இல்லை, தங்கச்சியை நினைத்து.

அப்பனும் ஆத்தாளும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபின் தங்கச்சி மொக்கம்மாளை வளர்த்தவன் ஒச்சாண்டி. தலை பின்னிவிடுவதுகூட அவன்தான். வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத்தோட்டத்தில் வேலை பார்க்கும் சின்னக்கருப்புக்கு அவளைக் கட்டிக்கொடுத்தான். இரண்டு தடவை உண்டாகி, இரண்டு தடவையும் பிள்ளை தங்கவில்லை. இரண்டாவது பிள்ளை, அவளைப் போர்வையில் தொட்டில் கட்டித் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு இறங்கும்போது வழியிலேயே போனது. அந்த வருத்தத்தில்தான் அவன் ஜீப்பே வாங்கினான். ஊருக்கு அது சவாரி வண்டி. அவனுக்கு அது தங்கச்சி வண்டி.

மூன்றாவது தடவை அவள் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும் தோட்டத்துக்கே போய்ச் சொல்லிவிட்டு வந்தான்: "இந்தத் தடவ நீ ஒண்ணுக்கும் பயப்படாத ஆத்தா. தாய்மாமன் வண்டியிலதான் புள்ள கம்பத்துக்கு வரும். காது குத்துறதும் என் மடியிலதான்."

சொல்லிவிட்டான். வண்டிக்கு ஊற்ற டீசல் இல்லை. அப்போதுதான் ஞானதுரை கடை வாசலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தபோது புத்தி வேலை செய்தது. ஞானதுரை கடைவீதியில் மிச்சரும் காராச்சேவும் போட்டு விற்கிறவர். கோயில் மணி மாதிரி தவறாமல் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவர். வாய்தான் கொஞ்சம் குசும்பு. கடைப்பையன் கறுத்துப்போன கடலெண்ணெயைச் சாக்கடையில் ஊற்றப் போனான். ஒச்சாண்டி அவன் கையைப் பிடித்துவிட்டான்.

"அண்ணாச்சி, இந்த எண்ணெய எனக்குக் குடுங்க."

"என்னலே, வீட்டுல கல்யாணமா?"

"வண்டிக்கு ஊத்திப் பாக்குறேன்."

ஞானதுரை சிரித்த சிரிப்பில் எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "ஏலே, அது ஜீப்பா, மாமியா வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையா, எண்ணெயும் பண்டமுமா குடுக்க? எடுத்துட்டுப் போப்பா. நாளைக்கு சட்னி கேட்டுச்சுன்னா மட்டும் இங்கன வராத."

ஒச்சாண்டி வேட்டித் துணியை நான்காக மடித்து எண்ணெயை வடிகட்டினான். சீட்டுக்குப் பின்னால் ஒரு எண்ணெய் டின்னைக் கட்டி, அதிலிருந்து செம்புக் குழாய் இழுத்து, குழாயைச் சைலன்சரைச் சுற்றிப் பாம்பாய் வளைத்து எஞ்சினுக்குக் கொண்டுபோனான். எண்ணெய் கெட்டியாக இருந்தால் எஞ்சின் குடிக்காது, சூடாக்கி இளக்கிக் கொடுக்க வேண்டும் என்பது அவன் கணக்கு. பழைய டாங்கியில் கொஞ்சம் டீசல். காலையில் டீசலில் கிளப்ப வேண்டும், சைலன்சர் காய்ந்ததும் குழாயில் வைத்த திருகைத் திருப்பி எண்ணெய்க்கு மாற்ற வேண்டும், நிறுத்தும் முன் மறுபடி டீசலுக்கு வர வேண்டும். முதல் நாள் வண்டி இருமியது, வெள்ளைப் புகை கக்கியது, ஊரே கூடிச் சிரித்தது. நாலாம் நாள் மலை ஏறி இறங்கியது. சிரித்தவர்களெல்லாம் மூக்கின்மேல் விரல் வைத்தார்கள்.

அதிலிருந்து ஒச்சாண்டியின் காலம். மற்ற ஜீப்பு நிற்கிறது, இவன் வண்டி ஓடுகிறது. மனுசனுக்கு ஒரு மிதப்பு வரத்தானே செய்யும்? வந்தது. டீசல் வரிசைப் பக்கம் போவதையே விட்டான். "நமக்கெதுக்கு அந்தக் கூட்டம்?" என்பான். கிளப்புவதற்கு மட்டும் யாரிடமாவது கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொள்வான். பேச்சில்கூட எண்ணெய் என்று சொல்வது நின்று போனது. "அண்ணாச்சி, டீசல் இருக்கா?" என்றுதான் ஞானதுரையிடமே கேட்பான்.

தீபாவளிப் பலகாரக் கூட்டம் ஓய்ந்ததும் ஞானதுரை கடையில் கழிவு எண்ணெய் குறைந்தது. போதாததற்கு லாரிக்காரர்கள் இரண்டுபேர் இவனைப் பார்த்து அந்த எண்ணெய்க்குப் போட்டிக்கு வந்துவிட்டார்கள். ஒச்சாண்டி அசரவில்லை. வண்டன்மேட்டு பஜாரில் மலையாளத்துச் சேட்டன் ஒருவர் நேந்திரங்காய் சிப்ஸ் போடுவார். அவரிடம் கேட்டான். "எடுத்தோ, எடுத்தோ" என்று குடம் குடமாகக் கொடுத்தார். வாழைக்காய் வாசனையோடு கறுப்பாக, பார்க்க ஞானதுரை எண்ணெய் மாதிரியே இருந்தது. பகலில் வாங்கினான், பகலிலேயே சூடு ஆறாமல் மலை இறங்கினான். கம்பத்து வெயிலில் அதுவும் ஒழுங்காகத்தான் ஓடியது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் பலகாரத்துக்குக் கடலெண்ணெய், குழம்புக்கு நல்லெண்ணெய். தேங்காயெண்ணெய் என்றால் அது தலைக்குத் தேய்ப்பது, அவ்வளவுதான். அதை அடுப்பில் வைத்துப் பொரிப்பார்கள் என்றால் நம் ஆட்கள் முகம் சுளிப்பார்கள். மலைக்கு அந்தப் பக்கம் சிப்ஸ் பொரிப்பது அந்த எண்ணெயில்தான் என்பது ஒச்சாண்டிக்குத் தெரியாமல் இல்லை. தெரியும். ஆனால் அவன் வாங்கியது எண்ணெய் இல்லையே, டீசல் அல்லவா?

பிள்ளைப்பேற்றுக்குத் தங்கச்சியைக் கார்த்திகையிலேயே அழைத்து வந்திருக்க வேண்டும். ஏலக்காய் பறிப்புச் சமயம் என்று தோட்டத்தில் விடவில்லை. மார்கழி பிறந்து, ஒருவழியாக விட்டார்கள். ஒச்சாண்டி சாயங்காலம் மலைக்குப் போய், சேட்டன் கடையில் டின்னை நிரப்பிக்கொண்டு, அன்றைக்குத் தங்கச்சி வீட்டிலேயே படுத்தான். அதுவரை அந்த வண்டி ஒரு ராத்திரிகூட மலையில் நின்றதில்லை.

விடியும் நேரத்தில் மொக்கம்மாளுக்கு வலி கண்டது. நாள் இன்னும் இருந்தது, ஆனால் வலிக்கு நாளா தெரியும்? பக்கத்து வீட்டுச் சங்கிலியம்மாள் வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பிள்ள தல திரும்பல. சீக்கிரமா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கப்பா. நானும் வாரேன்" என்றாள். சின்னக்கருப்பு போர்வையைத் தேடி ஓடினான். மொக்கம்மாள் வலிக்கு நடுவிலும், "அண்ணே, இந்தத் தலையோடயா ஆஸ்பத்திரிக்கு வருவேன்? கொஞ்சம் எண்ணெய் வச்சுப் பின்னி விடண்ணே" என்றாள்.

கூரை எரவாணத்தில் இருந்த தேங்காயெண்ணெய்க் குப்பியை எடுத்தான். கவிழ்த்தால் சொட்டு விழவில்லை. மார்கழிக் குளிரில் மெழுகு மாதிரி உறைந்து போயிருந்தது. அடுப்புச் சாம்பலில் குப்பியைச் செருகி, உருகியதும் உள்ளங்கையில் ஊற்றி, தங்கச்சி தலையில் வைத்துப் பின்னிவிட்டான். சின்னப் பிள்ளையில் பின்னிவிட்ட அதே ரெட்டைப் பின்னல். பிறகு கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பப் போனான்.

கையில் அந்தப் பிசுபிசுப்பு காயக்கூட இல்லை. அப்போதும் அவனுக்குத் தோன்றவில்லை.

டீசலில் வண்டி நன்றாகவே கிளம்பியது. கொஞ்ச தூரம் போனதும் வழக்கம்போல் திருகைத் திருப்பினான். குழாயில் இருந்த எண்ணெய் சைலன்சர் சூட்டில் இளகி ஓடியது. மலை உச்சியான கம்பம் மெட்டுக்குக் கீழே கடைசி ஏற்றத்தில் எஞ்சின் ஒரு விக்கல் விக்கியது. இன்னொன்று. நின்றுவிட்டது. டீசலுக்குத் திருப்பினான். டாங்கியில் இருந்த மிச்சமும் நாலு தடவை உறுமவே சரியாயிருந்தது. பிறகு குழாயில் காற்றுப் பிடித்துக்கொண்டு வெறும் உலுக்கல்.

"என்ன மச்சான்?" என்றான் சின்னக்கருப்பு.

ஒச்சாண்டி பின்னால் போய் டின் மூடியைத் திறந்தான். உள்ளே கையை விட்டான். கை இறங்கவில்லை. விளிம்புவரை கெட்டியாக, பழுப்புக் களிம்பாக உறைந்து கிடந்தது. காலையில் குப்பிக்குள் பார்த்ததேதான். மூடியை அப்படியே விட்டுவிட்டு வண்டிக்குத் தோள் கொடுத்தான்.

"தள்ளு மாப்ள! மெட்டத் தாண்டிட்டா போதும், அங்கிட்டு உருட்டியே எறக்கிருவேன்!"

தள்ளினார்கள். இரண்டு ஆள் தோள் கொடுத்து ஏற்றத்தில் ஏறுகிற வண்டியா அது? ஒரு முழம் ஏறும், ஒரு முழம் இறங்கும். சங்கிலியம்மாள் சக்கரத்துக்குக் கல் வைத்தாள். வேறு வண்டி வருமா என்று ரோட்டைப் பார்த்தார்கள். டீசல் இல்லாத ஊரில் எந்த வண்டி வரும்? அத்தனை நாளும் காலியான ரோட்டில் தனி ராஜாவாகப் போய்வந்தவனுக்கு அந்தக் காலி ரோடே எமனாக வந்து நின்றது. சின்னக்கருப்பு மெட்டு வரை ஓடிப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வந்தான்.

ஒச்சாண்டி டின்னை அவிழ்த்து இறக்கி, கிடைத்த சருகையும் சுள்ளியையும் கூட்டித் தீ மூட்டினான். எல்லாம் பனியில் நனைந்து கிடந்தன. புகைந்ததே தவிரப் பிடிக்கவில்லை. மண்டிபோட்டு ஊதினான். ஊதி ஊதிக் கண்ணில் நீர் கொட்டியது, புகையா அழுகையா என்று அவனுக்கே தெரியவில்லை. வண்டிக்குள் மொக்கம்மாள், "அண்ணே... அண்ணே..." என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். "இந்தா ஆத்தா, உருகிருச்சு, இந்தா உருகிருச்சு" என்று பொய் சொல்லிக்கொண்டே ஊதினான்.

பிள்ளை கால்பக்கமாக வந்தது. சங்கிலியம்மாள் தெரிந்ததெல்லாம் செய்தாள். தலை வெளியே வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆண்பிள்ளை. தட்டிப் பார்த்தாள், ஊதிப் பார்த்தாள், தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள். அழவில்லை.

சேலைத் துணியில் சுற்றி மொக்கம்மாள் மடியில் வைத்தார்கள். நல்லவேளையாக அவளுக்கு ரத்தப்போக்கு நின்றது. மரத்து இடுக்கில் வெயில் இறங்கியது. முதலில் ரோட்டில், பிறகு டின்மேல். தீக்கு மசியாத எண்ணெய் அந்த வெயிலுக்கு ஓரத்தில் கண்ணாடியாக மின்னி, மெல்ல மெல்ல உருகி ஆடியது. கடவுள் என்று ஒருவர் இருந்தால் அவருக்கு இரக்கம் என்பது மருந்துக்கும் கிடையாது. ஒச்சாண்டி டின்னைத் தூக்கிக் கட்டினான், குழாயில் அடைத்த காற்றை எடுத்தான், கிளப்பினான். சொட்டு டீசல் கேட்காமல், உருகிய எண்ணெயிலேயே வண்டி நல்ல பிள்ளையாகக் கிளம்பியது.

மெட்டு ஏறி, வளைவு வளைவாக இறங்கி, கம்பத்துக்குள் வந்தபோது நல்ல வெயில். சொன்னபடியே பிள்ளை தாய்மாமன் வண்டியில்தான் ஊருக்கு வந்தது. வாசனை முன்னே போயிருந்தது. தெருமுனையில் பிள்ளைகள் தயாராக நின்றார்கள். "காராச்சேவு வண்டி டோய்!" என்று பின்னாலேயே ஓடி வந்தார்கள். கையை நீட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசல் வரை வந்தார்கள். ஒச்சாண்டி ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

அடுத்த வாரமே டின்னையும் குழாயையும் பிடுங்கி எறிந்தான். பிறகு வண்டியையும் விற்றான். திராட்சைத் தோட்டங்களில் பெட்டி தூக்கினான், வாழைத்தார் ஏற்றினான். ஸ்டீரிங்கைப் பிடிக்கவே இல்லை. "உன்னயப்போல கைராசிக்காரன் உண்டாப்பா, வா, என் கடைக்கு ஒரு வேன் வாங்கித் தாரேன்" என்று ஞானதுரை கூப்பிட்டுப் பார்த்தார். இவன் அந்தக் கடை இருக்கும் பக்கமே நடக்கவில்லை. ஊரில் காதுகுத்து என்று யார் பாக்கு வைத்து அழைத்தாலும் அன்றைக்கு வெளியூர் போய்விடுவான்.

மொக்கம்மாளுக்கு அப்புறம் உண்டாகவில்லை. தோட்ட வேலையை விட்டு அவளும் சின்னக்கருப்பும் கம்பத்துக்கே வந்து அண்ணனோடு தங்கினார்கள். அவள் ஒரு நாளும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. சின்னக்கருப்பும் கேட்டதில்லை. யாராவது ஒருத்தர் வாய்விட்டுத் திட்டியிருந்தால் அவன் கொஞ்சம் மூச்சு விட்டிருப்பான்.

மார்கழி மட்டும் வராமல் இருப்பதில்லை. மலையில் இருக்கிற அளவு இல்லாவிட்டாலும் கம்பத்திலும் விடியலில் குளிர் இறங்கும். அடுப்படியிலிருந்து மொக்கம்மாள் தலைவிரிகோலமாக வருவாள். கையில் எண்ணெய்க் குப்பி, உள்ளே வெள்ளையாக உறைந்தது.

"அண்ணே, இதக் கொஞ்சம் உருக்கித் தாயேன்."

அவன் வாங்கிக்கொண்டு அடுப்பு முன்னால் உட்காருவான். உருகும்வரை எழுந்திருக்க மாட்டான்.