ஓரத்தில் நின்றவன்

நேற்று டிஸ்பென்சரியில் ஊசி போடுமுன் தாதிப் பெண் என் கையில் ஸ்பிரிட் தடவினாள். ஊசிக்குப் பயப்படுகிறவன் அல்ல நான். ஆனால் அந்த மணம் மூக்கில் ஏறியதும் எழுந்து ஓடிவிட வேண்டும்போல இருந்தது. "ஐயா, கைய ஆட்டாம இருங்க" என்று அதட்டினாள். அடங்கி இருப்பது என் பிறவியிலேயே இல்லை என்பதை அவளுக்கு எப்படிச் சொல்வது?

ஐம்பது வருஷத்துக்கு முன் மட்டக்களப்பு நகரில் ஒரு சிறிய ஸ்டூடியோ வைத்திருந்தேன். இரண்டாம் உலக யுத்தம் தொடங்கச் சற்று முன்பு கொழும்புக்கு எழுதிப் புதிய லென்ஸ் ஒன்று வரவழைத்தேன். பார்சல் வரும் என்ற நாளில் ஸ்டேசனுக்கு மூன்று தரம் போனேன். ரயில் வருவதோ ஒரு தரம்தான். "தம்பி, பொம்புளையா வருது?" என்று ஸ்டேசன் மாஸ்டர் கேட்டார். கிட்டத்தட்ட அப்படித்தான் கொண்டாடினேன். பழைய லென்ஸில் மீசை ஒரு கறுப்புக் கோடாக விழும். புதியதில் மயிர் மயிராக விழுந்தது. அந்தத் திமிரில் பழையதை வாகரைக்காரர் ஒருவருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டேன்.

எங்கள் வாவிக் காற்றின் ஈரம் உங்களுக்குத் தெரியுமே. போத்தலில் உப்பு நீராகிவிடும், செருப்பில் பச்சை பூக்கும். என் லென்ஸ் இரண்டு மாரியைத் தாங்கியது. மூன்றாவது மாரி முடிந்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், உள்ளே சிலந்தி நூல்போலப் பூஞ்சணம். கொழும்பில் ஒரு ரிப்பேர்க் கடைக்கு எழுதினேன். அனுப்பினால் ஆறு கிழமை, ஒன்றரை மாதம், செல்லும் என்று பதில் வந்தது. தேற்றாத்தீவுக் கிராமத்தில் எனக்குப் பழக்கமான தெய்வானையக்காவின் மகளுக்குக் கல்யாணம் நாலாம் நாள்; படம் எடுக்க ஒப்புக்கொண்டிருந்தேன். சுடச்சுடத் தேத்தண்ணியைக் குடித்து நாக்கைப் பொசுக்கிக்கொள்கிறவன் ஆறு கிழமை பொறுப்பேனா?

மணிக்கூடு திருத்துகிறவரிடம் சின்ன ஸ்குரூ டிரைவரை இரவல் வாங்கினேன். பாயில் வெள்ளைத் துணி விரித்து, லென்ஸைக் கழற்றி, கண்ணாடிகளை ஸ்பிரிட்டில் துடைத்துப் பூட்டினேன். காமராவில் மாட்டிப் பார்த்தேன். எதிர்க்கடைப் பலகையின் எழுத்துகள் நடுவில் பளிச்சென்று தெரிந்தன. ஓரங்களைப் பார்க்க யாருக்குப் பொறுமை இருந்தது?

கல்யாண வீட்டில் படத்துக்கு நிற்பதிலேயே ஒரு மணித்தியாலம் போயிற்று. எங்கள் பக்கத்தில் குடி, அதாவது குலம், தாய்வழியாக வருவது. கோயிலில் எந்தக் குடி முதலில் என்பது முன்பே தீர்ந்த விஷயம். ஆனால் போட்டோவில் யார் பெண் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் என்பதை யாரும் தீர்த்துவைத்திருக்கவில்லை. இரண்டு குடிப் பெரியவர்களும் முறைத்துக்கொண்டார்கள். பெண்ணின் தம்பி சிவலிங்கம் அக்காவின் தோளோடு நின்றிருந்தான்.

"மனே, நீ அங்கால போய் ஓரத்தில நில்லு. பெரியாக்கள் நிக்கட்டும்" என்றார் தெய்வானையக்கா.

முகம் கோணாமல் போனான். வெயில் ஏறுகிறதே என்று நான்தான் கால்மாற்றிக் கால்மாற்றி நின்றேன். அவன் கைகளைத் தொடையோடு ஒட்டிக்கொண்டு, நான் சொன்னபடி, இமைகூட அசையாமல் நின்றான். மறுநாள் திருகோணமலைத் துறைமுகத்தில் வேலைக்குப் போய்விட்டான். யுத்த காலம், அங்கே ஆட்கள் தேவைப்பட்டார்கள்.

படம் பதிந்த கண்ணாடித் தகட்டைக் கழுவினேன். நடுவில் நின்றவர்களின் நெற்றிச் சந்தனம் வெடித்திருந்ததுகூடத் தெரிந்தது. இரண்டு ஓரமும் தண்ணீர் பட்ட மைபோலக் கலங்கியிருந்தன. பெரியவர்களுக்கோ பரம திருப்தி. லென்ஸைக் கொழும்புக்கு அனுப்பினேன். "யாரோ இதைத் திறந்து ஒரு கண்ணாடியைப் புறம் மாற்றிப் பூட்டியிருக்கிறார்கள். அதனால்தான் ஓரம் கலங்குகிறது" என்று கடிதம் வந்தது. 'யாரோ' என்று எழுதிய அந்தப் பண்புக்கு நன்றி.

இரண்டு மாதத்தில் சிவலிங்கம் காய்ச்சலில் இறந்தான். அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். தெய்வானையக்கா படத்தைச் சீலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு ஸ்டூடியோவுக்கு வந்தார்.

"தம்பி, இவன்ட முகத்த மட்டும் பெரிசாக்கித் தாங்க. வேற படம் இல்ல."

பெரிதாக்கினேன். கலங்கலும் சேர்ந்து பெரிதானது. அதைக் கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். உண்மையைச் சொல்லிவிட வாயெடுத்தேன்.

"நான்தானே ஓரத்துக்குப் போகச் சொன்னன். அந்தக் கோவத்தில ஆடிட்டான் போல. என்ன தம்பி?"

"ஓம் அக்கா. ஆடிட்டார்" என்றேன்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. அன்றிலிருந்து ஆறுதல் என்ற ஒன்று இல்லை. பலமுறை தேற்றாத்தீவுக்கென்று புறப்பட்டுப் பாதி வழியில் திரும்பியிருக்கிறேன். ஸ்டூடியோ போயிற்று. சூறாவளியில் தகடுகள் போயின. மகன் கோபத்தோடு போனான் என்று நம்பியபடியே தெய்வானையக்காவும் போய்விட்டார். அவன் கோபிக்கவில்லை, ஆடவும் இல்லை என்பதற்கு நான் ஒருவன்தான் சாட்சி. சில நாட்களாக அந்த முகத்தை மனதில் கொண்டுவரப் பார்க்கிறேன். தொடையோடு ஒட்டிய கைகள் வருகின்றன. முகம் வரவில்லை.