புளி போட்டுத் துலக்கிய சீனச் சாமி

சாமிக்கு நல்லது செய்யப் போய் நடுத்தெருவில் நிற்கப் பார்த்தவள் நான். இப்போது சொல்லச் சிரிப்பு வருகிறது. அப்போது பத்துப் பன்னிரண்டு நாள் சோறு தொண்டையால் இறங்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் ஸ்காபரோவில் ஒரு சீன அன்ரியின் வீட்டு பேஸ்மென்றில் வாடகைக்கு இருந்தேன். அறுபது தாண்டிய விதவை, வியட்நாமிலிருந்து படகில் தப்பி வந்தவர். அவருடைய ஆங்கிலம் அரைகுறை, என்னுடையது அதைவிட மோசம். அவர் சொன்னதாக நான் இங்கே எழுதுவதெல்லாம் கையாட்டல், தலையாட்டல் எல்லாம் கூட்டி நான் விளங்கிக்கொண்டதுதான்.

வீட்டில் ஒரேயொரு ரெலிபோன். அது மேலே, வரவேற்பறைச் சுவரில் இருந்தது. யாராவது என்னைக் கேட்டு எடுத்தால் அன்ரி படிக்கட்டின் தலைப்பில் நின்று காலால் இரண்டு தரம் தட்டுவார். அந்த ரெலிபோனுக்காகத்தான் நான் அந்த வீட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். என் தம்பி, கனடாவுக்கு ஆட்களைக் களவாகக் கொண்டுவருகிற ஏஜென்சிக்காரனை நம்பி வெளிக்கிட்டு பாங்கொக்கில் நின்றான். கடைசியாக எடுத்தபோது, "அக்கா, பேப்பர் ஒண்டும் கையிலை வைச்சிருக்க விடமாட்டினமாம். உங்கடை நம்பரைப் பாடமாக்கி வைச்சிருக்கிறன். உந்த நம்பரை மட்டும் மாத்திப்போடாதேங்கோ," என்றான்.

"நான் ஏன்ரா மாத்திறன்? நீ கவனமா வா," என்றேன்.

அதன் பிறகு ஏழு கிழமை சத்தமே இல்லை. ஊரில் எங்கள் வீட்டில் ரெலிபோன் கிடையாது. வேறு ஒருவருடைய நம்பரும் அவனுக்குத் தெரியாது. எந்த நாட்டில், எந்த அறைக்குள் பூட்டி வைத்திருக்கிறார்களோ, அவனுடைய தலைக்குள் இருந்ததெல்லாம் அந்த வீட்டின் பத்து இலக்கம்தான். நான் அந்த வீட்டை விட்டுப் போனால் அவன் என்னைத் தேடிப் பிடிக்க ஒரு வழியும் இல்லை.

ரெலிபோனுக்கு நேர் எதிரே சுவரில் சிவப்புப் பலகை அடித்து, அதன்மேல் அன்ரி ஒரு சாமியை வைத்திருந்தார். ஒரு முழ உயரம். முகம் அடுப்புச் சட்டியின் அடியைப் போலக் கறுத்து, கண்ணும் மூக்கும் பிடிபடாமல் இருந்தது. முன்னால் ஊதுபத்திச் சாம்பல் நிரம்பிய ஒரு கிண்ணம், விரலளவு தேத்தண்ணீர்க் கோப்பைகள் மூன்று, தோடம்பழங்கள்.

அந்த மாரிக் குளிர்காலத்தில் வான்கூவரில் இருந்த அன்ரியின் தங்கைக்கு ஒப்பரேஷன். மூன்று கிழமை அங்கே போய் நிற்க வேண்டியிருந்தது. போகும்போது மேல்வீட்டுத் திறப்பை என் கையில் தந்தார். "காலையில் மூன்று குச்சி. பின்னேரம் மூன்று குச்சி. தேத்தண்ணீர் மாற்று. தம்பி போன் எடுத்தால் நீயே எடு," என்றார். வாடகைக்கு இருக்கிற பிள்ளையை நம்பி வீட்டையே விட்டுவிட்டுப் போகிறாரே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. நன்றி சும்மா இருக்க விடுமா? சொன்னதைவிட ஒரு பிடி கூடச் செய்ய வேண்டும் என்று கை துருதுருக்கும். அது என் வியாதி.

இரண்டாவது கிழமை, வெள்ளிக்கிழமை. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை விளக்கைப் புளி போட்டுத் துலக்காமல் திரி போடுவதில்லை. கீழே என் குத்துவிளக்கைத் துலக்கிவிட்டு அதே கையோடு மேலே போனேன். சாமியைப் பார்த்தேன். எத்தனை வருஷத்து அழுக்கு! பாவம், வயது போன மனுசி, ஏறித் துடைக்க ஏலாமல் விட்டிருப்பார் என்று நினைத்தேன். வெண்கலம் என்றும் நினைத்தேன். உண்மையைச் சொன்னால் உள்ளுக்குள் ஒரு பேரமும் இருந்தது. 'உன்ரை முகத்தை நான் துலக்கி விடுறன், என்ரை தம்பியை நீ கொண்டுவந்து சேர்.'

புளியும் சோப்பும் போட்டுத் தேய்த்தேன். கறுப்புத் தண்ணீர் ஓடியது. உள்ளே வெண்கலம் இல்லை, வர்ணம் பூசிய மரம். வெளிர் ரோசாக் கன்னம் ஒன்று வெளியே வந்தது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் பாதி முகம் வெள்ளையும் பாதி முகம் கறுப்புமாகச் சாமியை எப்படி விடுவது? முழுவதையும் தேய்த்தேன். சிவந்த வாயும் தாழ்ந்த கண்களுமாக ஒரு பெண் என்னைப் பார்த்தாள். இடது புருவத்தில் பாதி துணியோடு வந்துவிட்டது.

முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. குச்சி கொளுத்தும்போதுதான் யோசித்தேன். கறுப்பு அழுக்கென்று எனக்கு யார் சொன்னது? எங்கள் காளியை ஒருத்தி பிடித்துத் தேய்த்து வெள்ளையாக்கி வைத்தால் நான் சும்மா விடுவேனா?

அன்றைக்குப் பின்னேர வேலை. மஃபின் அடுக்கும் பக்டரியில் எனக்குப் பக்கத்தில் நிற்கிற அக்காவிடம் மெல்லச் சொன்னேன்.

"உனக்கென்ன விசரே? சீனச் சாமியிலை போய்க் கை வைச்சனியோ?"

"அழுக்கெண்டு நினைச்சன் அக்கா."

"மனுசி வந்து பாத்திட்டுப் பெட்டியைத் தூக்கெண்டு சொல்லப்போறா."

"வாயைக் கழுவுங்கோ அக்கா! என்ரை தம்பி எடுத்தால் நான் எங்கை போறது?"

அவருக்கும் முகம் மாறிவிட்டது. "எந்தச் சாமியெண்டு தெரியுமோ?"

"பொம்பிளைச் சாமி."

"உது காணுமோ? அவைக்கு எங்களைவிடக் கனக்கச் சாமி. அஜின்கோட் பக்கம் சாமிச் சிலை விக்கிற சீனக் கடை இருக்கு. போய் அதேமாதிரிக் கறுப்பிலை ஒண்டு வாங்கி வை. மனுசிக்கு விளங்காது."

சனிக்கிழமை காலை வெளிக்கிடுவதற்கு முன், சப்பாத்துப் பொலிஷ் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சாமிக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த நாற்றம் மூக்கில் ஏறியது. சிவசிவா என்று மூடிவிட்டு, பனிக்குள் பஸ் பிடித்தேன்.

கடையில் தரையிலிருந்து கூரைவரை சாமிகள். மூக்குக்கண்ணாடி போட்ட கடைக்கார மனுசி சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கறுப்பு முகத்துப் பெண் சாமி வேண்டும் என்றேன். அவர் கரண்டியை வைத்துவிட்டு, முகத்தை விடு, கையில் என்ன என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொன்றாகக் காட்டினார். சிவந்த முகம், நெஞ்சுவரை தாடி, நீளப் பிடி போட்ட வாள் என்றால் அது குவான் கோங். சாப்பாட்டுக் கடைகளில் பார்த்திருப்பாய் என்றார். வெள்ளை உடுப்பு, கையில் சின்னக் குடுவை, அதற்குள் ஒரு மரக்கொப்பு என்றால் குன் யாம். வெள்ளைத் தாடியோடு வாசல் பக்கம் நிலத்தில் குந்தியிருந்து சிரிக்கிற கிழவன் நிலத்துச் சாமி. அட, நாங்களும் அப்படித்தானே? வேல் இருந்தால் முருகன், காலடியில் எலி இருந்தால் பிள்ளையார். முகத்தைப் பார்த்து யார் சாமி கண்டுபிடிக்கிறார்கள்?

"தலையில் என்ன?" என்றார்.

அது எனக்கு நினைவிருந்தது. பஸ் துண்டின் பின்பக்கத்தில் கீறிக் காட்டினேன். பலகை வைத்த மாதிரித் தட்டையான கிரீடம், முன்னால் தொங்குகிற மணிச்சரங்கள். காலடியில் இரண்டு அவலட்சணமான ஆட்கள். ஒருவன் கண்ணுக்குமேல் கை வைத்து எட்டப் பார்க்கிறான், மற்றவன் காதுக்குக் கையைக் கொண்டுபோகிறான்.

"தின் ஹௌ!" என்று எழும்பிப் போய் மேல்தட்டிலிருந்து சின்னதாக ஒன்றை எடுத்துவந்தார். அதே கிரீடம், அதே இரண்டு பேர், அதே வெளிர் ரோசா முகம். கடலுக்குப் போகிறவர்களின் தாய் என்றார். கடலில் யாராவது கூப்பிட்டால் ஒருவன் கேட்பான், மற்றவன் ஆளைப் பார்ப்பான், இவள் போய்த் தூக்குவாள்.

"கறுப்பில் இல்லையா?"

"கறுப்பு நான் விற்கிற சாமான் இல்லை. அது ஊதுபத்திப் புகை. நாற்பது வருஷம், ஐம்பது வருஷம். எவ்வளவு கறுப்போ அவ்வளவு வேண்டுதல். உன்னுடையது கறுப்பா? நல்ல சாமி. பத்திரமாக வைத்திரு."

கடலுக்குப் போனவர்களை நினைத்து யாரோ எரித்த புகையை நான் பாத்திரம் துடைக்கிற துணியால் துடைத்து சிங்கில் ஊற்றியிருந்தேன். என்னுடைய தம்பியும் எந்தக் கடலில் நிற்கிறானோ.

அன்ரி வர எட்டு நாள் இருந்தது. எட்டு நாளில் ஐம்பது வருஷக் கறுப்பை வரவழைக்கலாம் என்று நினைத்த மூளை என்னுடையது. இருபது, முப்பது குச்சிகளை ஒன்றாகக் கொளுத்தி முகத்துக்கு நேரே பிடித்தேன். கூரையில் இருந்த புகை மணி வீடே அதிர அலறத் தொடங்கியது. கதிரையில் ஏறி நின்று சுளகு பிடிப்பதுபோல ஒரு தட்டால் விசுக்கினேன். அலறல் நின்ற பிறகுதான் இன்னொரு பயம் பிடித்தது. இதற்குள் ரெலிபோன் அடித்திருந்தால்? அதற்குப் பிறகு மூன்று குச்சிக்குமேல் கொளுத்தவில்லை. முகம் அப்படியே வெள்ளையாக இருந்தது.

அன்ரி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தார். கோட்டைக் கழற்றாமலே சாமிக்கு முன்னால் போய் நின்றார். நான் பின்னால் நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

"யார்?" என்றார்.

"நான்தான் அன்ரி. அழுக்கென்று நினைத்தேன்."

என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மூன்று நாள் ஒரு சொல் இல்லை. மேலே அவர் நடக்கிற சத்தம் மட்டும் கேட்கும். அந்தச் சத்தம் படிக்கட்டுப் பக்கம் வரும்போதெல்லாம், இதோ போகச் சொல்லப்போகிறார் என்று எழும்பி நிற்பேன். கேட்டுக் கெஞ்சுவதற்கு வாய் வரவில்லை. என் உடுப்புகளைப் பெட்டியில் அடுக்கி மூடி வைத்தேன்.

மூன்றாம் நாள் பின்னேரம் மேலே ரெலிபோன் அடித்தது. அன்ரி எடுத்தார். பிறகு ஒன்றும் கேட்கவில்லை. படிக்கட்டின் அடியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் இங்கே இல்லை என்று சொல்லி வைத்துவிட்டாரோ? இரண்டு தரம் தட்டும் சத்தம் கேட்டது. எப்படி ஏறினேன் என்று தெரியவில்லை.

"அக்கா, நான்தான்."

"எங்கையடா நிக்கிறாய்? சாப்பிட்டியே?"

"ஆபிரிக்காவிலை. இடத்தின்ரை பேர் சொல்லக்கூடாதாம். கப்பல்லை கொண்டுவந்தவங்கள். சாகப் பாத்தம் அக்கா. இப்ப ஒண்டுமில்லை. எடுத்த மனுசி ஒண்டும் சொல்லாமல் நிக்கப் பயந்திட்டன், நீங்கள் வீடு மாறிட்டீங்களோ எண்டு."

"இல்லையடா. மாறேல்லை. மாறமாட்டன்," என்றேன். சொன்ன பிறகுதான் அன்ரி பக்கத்தில் நிற்பது நினைவு வந்தது.

ரெலிபோனை வைத்துவிட்டு அந்த இடத்திலேயே இருந்து அழுதேன். அன்ரி சாமிக்கு முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"தம்பி கடலிலா?" என்று கேட்டார்.

"கடலில்தான் வந்தானாம். இப்போது தரையில்."

தலையாட்டினார். பிறகு சாமியைக் காட்டினார். "இது என் அம்மாவின் சாமி. அப்பா மீன் பிடிக்கப் போவார். நான் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். கண்ணை மூடியிருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். திறந்துதான் இருக்கிறாள்." பிறகு குரல் கடுமையாகிவிட்டது. "ஆனால் அது என் அம்மாவின் புகை. நீ கழுவிவிட்டாய்."

அன்ரி எழுந்து அலுமாரியிலிருந்து சிவப்புத் தாள் சுற்றிய ஊதுபத்திக் கட்டு ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார்.

"காலையில் மூன்று. பின்னேரம் மூன்று. இனி நீதான் கொளுத்த வேண்டும். கறுக்கும்வரைக்கும்."

"எவ்வளவு காலம் அன்ரி?"

"அம்மா நாற்பது வருஷம். நான் இருபத்தைந்து வருஷம்."

கீழே போய்ப் பெட்டியைத் திறந்து உடுப்புகளை வெளியே எடுத்தேன்.

தம்பி அடுத்த வருஷம் வந்து சேர்ந்தான். அதே பேஸ்மென்றில் என்னோடு இருந்தான். வேலைக்குப் போகும் முன் மூன்று, வந்ததும் மூன்று என்று நான் தவறவிடவில்லை. நான்கு வருஷம் கழித்து நாங்கள் இருவரும் பிக்கரிங்கில் வீடெடுத்துப் போகிற அன்றைக்கு, சாமியின் முகம் பால் தேத்தண்ணீர் நிறத்துக்கு வந்திருந்தது. அரைப் புருவம் போன இடம் இன்னும் தெரிந்தது. தம்பி கடைசிப் பெட்டியையும் ஏற்றிவிட்டு வாகனத்துக்குள் இருந்தான். அன்ரி வாசலில் நின்று என்னைப் பார்த்தார், திரும்பி உள்ளே சாமியைப் பார்த்தார்.

"இன்னும் கறுக்கவில்லை," என்றார்.

நான் தம்பியை எஞ்சினை நிறுத்தச் சொல்லிவிட்டு, சப்பாத்தைக் கழற்றி உள்ளே போய் மூன்று குச்சி கொளுத்தினேன்.