தாடை கூடிய பிறகு ஒரு பீஃப் ரோஸ்ட்

எங்கள் வீட்டில் பீஃப் ரோஸ்ட் என் பொறுப்பு. மற்ற நாட்களில் நான் அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்தாலே "அக்கட்டால போங்க" என்று விரட்டுகிற என் மனைவி, கிறிஸ்துமஸ், ஈஸ்டர், மகனின் பிறந்தநாள் என்றால் மட்டும் அடுப்பை என்னிடம் விட்டுவிட்டு வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிடுவாள். இதில் எனக்குப் பொய்யடக்கம் எதுவும் கிடையாது. நன்றாகவே செய்வேன். கறியைப் பெரிய துண்டுகளாக வெட்டி, மஞ்சள், உப்பு, மிளகு, மல்லித்தூள், இஞ்சி பூண்டு எல்லாம் பிசறி, தண்ணீர் அதிகம் விடாமல் வேக வைக்க வேண்டும். பிறகு இரும்பு வடச்சட்டியில் எண்ணெய் விட்டு, சின்ன வெங்காயமும் தேங்காய்ப் பல்லும் கறிவேப்பிலையும் வதக்கி, அதில் கறியைக் கொட்டி, கறுத்து ஓரம் மொறுமொறுப்பாகிற வரைக்கும் கிளறிக்கொண்டே நிற்க வேண்டும். பாதியில் டிவி பார்க்கப் போகிறவன் ரோஸ்ட் செய்ய முடியாது. குழம்புதான் வைக்கலாம்.

நிற்பது எனக்குப் பழக்கம். திருப்பூர் வேலம்பாளையத்தில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் துணி செக்கிங் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். விளக்கு வெளிச்சத்தில் துணி ஓடிக்கொண்டே இருக்கும். ஓட்டை, எண்ணெய்க் கறை, சாயத்தில் ஏற்றத்தாழ்வு எதுவும் என் கண்ணுக்குத் தப்பாது. தப்பு எங்கே வரும் என்று முன்கூட்டியே தேடுகிற புத்தி அப்படி வந்ததுதான். அது வீட்டுக்கும் என்னோடு வந்துவிடும்.

எங்களுக்கு ஒரே மகன். இன்னொரு கம்பெனியில் மெர்ச்சண்டைசர். பனியன் வாங்குகிற வெளிநாட்டுப் பையர் கேட்பதைக் கம்பெனிக்குச் சொல்லி, கம்பெனி செய்வதைப் பையருக்கு அனுப்புகிற வேலை. ஒரு நாள் முதலிபாளையத்தில் பிரிண்டிங் வேலையைப் பார்த்துவிட்டு பைக்கில் திரும்பியவன், நல்லூர்ப் பக்கம் திடீரென்று நின்ற ஒரு லோடு ஆட்டோவின் பின்னால் மோதிவிட்டான். நான் அப்போது செக்கிங் மெஷின் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். அவன் நம்பரிலிருந்துதான் செல்லுக்கு அழைப்பு வந்தது. "சொல்லு கண்ணு" என்றேன். வேறு ஒரு குரல் பேசியது. இப்போதும் அவன் நம்பர் வந்தால், அவன் குரல் காதில் விழுகிற வரை என் நெஞ்சு அடங்குவதில்லை.

தாடை இரண்டு பக்கமும் உடைந்திருந்தது. வேறு பெரிய அடி இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். உள்ளே தகடு வைத்து, மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் சேர்த்துக் கம்பி கட்டினார்கள். ஒன்றரை மாதம் அவன் வாயைத் திறக்க முடியாது. கஞ்சி, பழச்சாறு, ஆட்டுக்கால் சூப், முட்டை அடித்த பால், எல்லாம் கன்னத்தோரம் ஸ்ட்ரா வைத்துத்தான். வாந்தி வந்தால் மூச்சு அடைத்துக்கொள்ளும், உடனே கம்பியை வெட்ட வேண்டும் என்று சொல்லி, ஒரு சின்ன கட்டிங் பிளேயரை எப்போதும் பக்கத்தில் வைத்திருக்கச் சொன்னார்கள். அதை என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். எந்தக் கம்பியை எப்படி வெட்டுவது என்று நர்ஸிடம் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டேன். ஒருமுறைகூட அதற்குத் தேவை வரவில்லை.

ஆஸ்பத்திரியில் கஞ்சி டம்ளரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வான். "என்ன சாமி வேணும்?" என்று அவன் அம்மா கேட்டபோது, கடித்த பல்லுக்கு இடையில் "ரோஸ்ட்டு" என்றான். அவள் சிரித்தாள். பிறகு வராந்தாவுக்குப் போய் நின்றுகொண்டாள்.

கம்பியை எடுத்தபோது வாய் ஒரு விரல் நுழையும் அளவுதான் திறந்தது. முதலில் மெத்தென்ற சாப்பாடு கொடுக்கச் சொன்னார் டாக்டர். கடைசியாகப் போனபோது எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "எலும்பு நல்லாக் கூடிருச்சுங்க. இனி எல்லாத்தையும் மென்னு தின்னோணும், கொஞ்சம் நோகோணும். பயந்துக்கிட்டு மெல்லாம உட்டா தாடை இப்பிடியே இறுகிக்கும். அப்புறம் வாய் இவ்வளவுதான்" என்று இரண்டு விரலைக் காட்டினார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். தலையையும் ஆட்டினேன். ஆனால் வீட்டுக்கு வந்து அவன் தட்டைப் பார்த்தால், என் கை சோற்றைக் குழையப் பிசைந்துதான் வைத்தது. சப்பாத்தியைப் பாலில் ஊறவைத்தது. அவனும் கொடுத்ததைத் தின்றுவிட்டு எழுந்து போனான். வாய் இரண்டு விரலுக்கு மேல் திறக்கவே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் ஸ்தோத்திரக் கூட்டம் வைத்தோம். பிழைத்து எழுந்ததற்கு நன்றி சொல்லி, வீட்டில் ஜெபம் செய்து, வந்தவர்களுக்குச் சாப்பாடு போடுவது எங்கள் பழக்கம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்று முடிவானது. என்ன சமைப்பது என்ற பேச்சே எழவில்லை.

திருப்பூர்க்காரனுக்கு சாம்பிள் பார்க்காமல் எதையும் பல்க்கில் இறக்க மனசு வராது. ஒரு பனியனைத் தைத்து அனுப்பி, பையர் அப்ரூவ் செய்த பிறகுதான் ஆயிரக்கணக்கில் துணியை வெட்டுவோம். அதனால் வெள்ளிக்கிழமையே அரைக் கிலோ கறி வாங்கி வந்தேன். கடையில் தொடைக்கறிதான் இருந்தது. பப்பாளிக்காயை அரைத்துப் பிசறி ஒரு மணி நேரம் ஊறவைத்தேன். இத்தனை வருஷத்தில் நான் ரோஸ்ட்டுக்குப் பப்பாளி போட்டதே இல்லை. கறி பஞ்சு மாதிரி வெந்தது. நாக்கால் அழுத்தினாலே உடைந்தது. மனைவி ஒரு துண்டைத் தின்று தலையாட்டினாள். மகன் தின்றான். அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சாம்பிள் அப்ரூவ்டுங்ப்பா" என்றான்.

ஞாயிறு விடிந்ததும் கறிக்கடையில் நின்றேன். "எளங்கறியா, நரம்பு ஒண்ணுகூட இல்லாமக் குடுங்க" என்று கேட்டு, கடைக்காரர் வெட்டிய ஒவ்வொரு துண்டையும் திருப்பிப் பார்த்தேன். துணி செக்கிங் போலவேதான்.

"ஏனுங்ணா, பல்லு மொளைக்காத கொழந்தைக்குங்களா?" என்றார் அவர்.

"அப்பிடித்தான்னு வெச்சுக்குங்க."

அன்றைக்கு லைன் வேலை என்று அறிவித்திருந்தார்கள், எட்டு மணிக்குக் கரண்ட் போனால் மதியம்தான் வரும். மிக்ஸி ஓடாது. அதனால் கோயிலுக்குக் கிளம்பும் முன்பே பப்பாளியை அரைத்துக் கறியில் பிசறி மூடி வைத்தேன். கறி அதிகம் என்பதால் பப்பாளியையும் தாராளமாகவே போட்டேன். அன்றைக்கு ஆராதனை நீண்டது. முடிந்த பிறகு எல்லோரும் மகனைச் சுற்றிக்கொண்டார்கள். வாயைத் திறந்து காட்டச் சொன்னார்கள். வீடு வந்து சேர மதியம் ஆகிவிட்டது.

கறியைக் குக்கரில் ஏற்றி, விசில் விட்டு, ஆவி அடங்கியதும் திறந்தேன். கரண்டியை விட்டுத் துழாவினேன். துண்டு என்று எதுவும் தட்டுப்படவில்லை. களி கிண்டிய மாதிரி எல்லாம் ஒன்றாகக் கரைந்து கிடந்தது.

காரணம் எனக்கு உடனே புரிந்தது. சாம்பிளுக்கு எடுத்தது தொடைக்கறி, பப்பாளியில் ஊறியது ஒரு மணி நேரம். பல்க்குக்கு எடுத்ததோ கடையிலேயே மெத்தென்ற கறி, ஊறியது அரைநாள். ஒரு துணியில் அப்ரூவ் ஆன சாயத்தை வேறு துணியில் ஏற்றிவிட்டு, நிறம் மாறிப் போச்சே என்று சாயப்பட்டறைக்காரரிடம் சண்டைக்குப் போகிற ஆட்களை நான் எத்தனை முறை கேலி செய்திருப்பேன்!

மனைவி எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க, இதென்ன உப்புமாவா?"

"சிரிக்காத. ஒறம்பரை வர்ற நாளு."

சத்தம் கேட்டு மகன் வந்தான். கரண்டியை வாங்கி, ஒரு கரண்டி அள்ளித் திரும்பக் குக்கரிலேயே விட்டான். அது பொத்தென்று விழுந்தது.

"பல்க் ரிஜெக்ட்டுங்ப்பா."

மூன்று பேரும் சிரித்தோம். அவன்தான் முதலில் நிறுத்தினான்.

"இதுவும் கஞ்சிதானுங்ப்பா" என்றான். "கம்பி கட்டிருந்தப்பவும் கஞ்சி. அவுத்த பொறவும் கஞ்சி. ரோஸ்ட்டு கேட்டா அதையும் கஞ்சியாக்கி வெச்சிருக்கீங்க."

"உனக்கு நோகக்கூடாதுன்னுதான் கண்ணு."

"நோகோணும்னுதானுங்ளே டாக்டர் சொன்னாரு? நீங்களும் பக்கத்துலதான உக்காந்திருந்தீங்க?"

"தகடு கிகடு வெலகிருச்சுன்னா?"

"வெலகாதுங்ப்பா. ஆனா இப்பிடியே இருந்தா வாய் இவ்வளவுதான்." டாக்டர் காட்டியது போலவே இரண்டு விரலைக் காட்டினான்.

"அப்ப வெள்ளிக்கெழமை எதுக்குடா அப்ரூவ்டுன்னு சொன்னே?"

"நீங்க என்ற மூஞ்சியவே அப்பிடிப் பாத்துட்டிருந்தீங்க. வேற என்னத்தச் சொல்றது?"

மனைவி என்னைப் பார்த்தாள். அவளும் அவன் கட்சி என்று தெரிந்தது. பையை எடுத்துக்கொண்டு மொபெட்டைக் கிளப்பினேன்.

கடைக்காரர் கட்டையைக் கழுவிக்கொண்டிருந்தார். "எல்லாம் தீந்துபோச்சுங்ணா. முன்னங்கால்தான் கெடக்குது. நரம்போட."

"அதுதான் வேணும்."

அவர் கழுவுவதை நிறுத்தினார். "காலைல எளங்கறி எளங்கறின்னு எங்க உசுரை வாங்குனீங்க!"

"காலைல வந்தது வேற ஆளுங்க. நீங்க வெட்டுங்க."

நான் திரும்பி வருவதற்குள் என் மனைவி அந்தக் களியில் உருளைக்கிழங்கை மசித்துப் போட்டு, ரஸ்கைப் பொடித்து, கட்லெட்டுக்குத் தட்டிக்கொண்டிருந்தாள். "வர்றவங்களுக்கு இதையே ஸ்பெசல்னு சொல்லிப் போடலாம். நீங்க வாயத் தொறக்காம இருந்தாச் செரி."

முன்னங்கால் கறி எனக்குப் பழக்கமானது. நெல்லிக்காய் அளவு வெங்காயத்தை முழுசாகப் போட்டேன். பப்பாளியை எடுத்து வெளியே வைத்தேன். கறி வேகட்டும் என்று காத்திருந்து, திறந்து, கத்தி நுனியால் குத்திப் பார்த்தேன். உள்ளே இறங்கியது, ஆனால் கொஞ்சம் தடுத்தது. அந்தத் தடுப்புத்தான் வேண்டும். அந்தப் பதம் எனக்குத் தெரியும். யாரையும் கேட்க வேண்டியதில்லை.

"இன்னும் ரெண்டு விசில் உடுங்களே" என்றாள் மனைவி, கட்லெட்டைத் திருப்பியபடி. அதுவரை அவன் கட்சியில் இருந்தவள்.

"போதும்."

"அவன் பல்லுக்குங்க."

"அவன் பல்லுக்குத்தான் போதுங்கறேன்."

வடச்சட்டியை ஏற்றினேன். தேங்காய்ப் பல் சிவந்தது. கறி சட்டியில் விழுந்து சீறியது. கிளறிக்கொண்டே நின்றேன். மசாலா ஒட்டி, கறுத்து, ஓரங்கள் மொறுமொறுப்பாயின. அந்த நேரத்தில் எனக்குப் பயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். கறியைத் திரும்பக் குக்கரில் போடவில்லை, அவ்வளவுதான்.

சாயங்காலம் போதகரும் அவர் மனைவியும், மகனோடு வேலை செய்கிற இரண்டு பையன்களும், பக்கத்து வீட்டு நெசவுக் குடும்பமும் வந்தார்கள். அந்த வீட்டுக்காரர் வருஷா வருஷம் பழனிக்கு நடந்து போகிறவர். மகன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எனக்கு முன்னால் அங்கே போய் நின்றவரும் அவர்தான். மாட்டுக்கறி சாப்பிடாத அவர்களுக்குத் தனி அடுப்பில் பருப்பும் ரசமும் பொரியலும் வைத்திருந்தோம். ஜெபம் முடிந்ததும் அவர் போதகரிடம், "நானும் முருகனுக்கு முடி எறக்கறதா வேண்டிருக்கேனுங்க. யாரு காப்பாத்துனாங்கன்னு நமக்குள்ள பஞ்சாயத்து வேண்டாம்" என்றார். போதகர், "முடி மட்டும் நீங்களே எறக்கிக்குங்க. எனக்கு இருக்கறதே கொஞ்சம்" என்றார்.

கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். கட்லெட்டைத் தின்றவர்கள் எல்லோரும் புகழ்ந்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. ரோஸ்ட்டுச் சட்டியோடு வரிசையில் வந்து, மகனுக்கு ஒரு கரண்டி வைத்தேன். அடுத்த ஆளுக்கு நகர்ந்திருக்க வேண்டும். நகரவில்லை.

அவன் ஒரு துண்டை எடுத்து, பாதியாகக் கடித்தான். காதுக்குக் கீழே 'டக்' என்று ஒரு சத்தம். எனக்குக் கேட்டது என்றால் எல்லோருக்கும் கேட்டிருக்கும். பேச்சு நின்றது. அவன் புருவம் சுருங்கியது. நான் சட்டியைக் கீழே வைக்கக் குனிந்தேன். சட்டைப் பையிலிருந்து கட்டிங் பிளேயர் தரையில் விழுந்தது.

எல்லோரும் அதைப் பார்த்தார்கள். அவனும் பார்த்தான். மெல்லுவதை மட்டும் நிறுத்தவில்லை. ஒரு பக்கம் மென்றான், நாக்கால் தள்ளி மறுபக்கம் மென்றான். கண்ணில் தண்ணீர் கட்டியது. வலியா, மிளகா என்று எனக்குத் தெரியவில்லை. வெகுநேரம் மென்று விழுங்கினான். பிறகு பிளேயரை எடுத்து, தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"கம்பி எடுத்து எத்தன நாளாச்சு, இன்னும் இதைச் சொமந்துட்டே திரியறீங்களாங்ப்பா?"

"பழக்கமாயிருச்சு சாமி."

"உப்பு கொஞ்சம் கம்மி" என்றான். மீதிப் பாதியையும் வாயில் போட்டான். மறுபடி 'டக்' என்றது. இந்த முறை யாரும் பேச்சை நிறுத்தவில்லை.

நான் மற்றவர்களுக்குப் பரிமாறிவிட்டு வந்தபோது அவன் தட்டு காலியாகியிருந்தது. தட்டை நீட்டினான். கரண்டி தானாகவே சட்டியின் நடுவில் இருந்த மெத்தென்ற துண்டுக்குப் போனது. அதை அப்படியே விட்டேன். சட்டியின் ஓரத்தைச் சுரண்டி, நன்றாகக் கறுத்து, நரம்போடு ஒட்டியிருந்த ஒரு துண்டை எடுத்து அவன் தட்டில் வைத்தேன்.