ஒரு மிஸ்டு கால் குடுங்க

போன ஞாயிற்றுக்கிழமை காலை, முப்பது பேர் முன்னால் ஒரு கேஸ் சிலிண்டர் என் மானத்தை வாங்கியது.

ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம், ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் மாதம் ஒருமுறை கூடுவோம். சென்னைக்கும் பெங்களூருக்கும் போகாமல் இங்கேயே உட்கார்ந்து கம்பெனி நடத்துகிறவர்கள், அல்லது நடத்துவதாகச் சொல்லிக்கொள்கிறவர்கள். மில்லுக்கு சாஃப்ட்வேர் எழுதுகிற ஒருவர், பேண்டேஜ் துணிக்காரர்களுக்கு வெப்சைட் செய்கிற ஒருவர், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பால்கோவாவை ஆன்லைனில் விற்கிற ஒருவர்... இந்தக் கடைசி ஆள் அரைக் கிலோ கொண்டுவருவார் என்பதற்காகவே பாதிக் கூட்டம் வருகிறது என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

அன்று டெமோ காட்டுவது என் முறை. என் போன் திரை அப்படியே சுவரில் தெரிகிறது. "எங்கள் ஆப்பில் இருபத்து மூன்று பெண்களை ஒரே மணி நேரத்தில் சேர்த்தோம். ஓடிபி தொல்லை கிடையாது. பெயர், நம்பர் — முடிந்தது வேலை" என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, சுவரின் உச்சியில் ஒரு மெசேஜ் வந்து நின்றது.

'அன்புள்ள பாப்பாத்தி, உங்கள் சிலிண்டர் இன்று டெலிவரி செய்யப்படும்.'

கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல்: "பாப்பாத்திக்கா, போயி சிலிண்டரை எறக்கி வச்சுட்டு வாங்க. நாங்க இருக்கோம்."

பாப்பாத்தி, ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் பக்கத்து வீட்டு அத்தை. எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடத்தை முடித்தவன் நான். தெருவிலும் ஏறக்குறைய அப்படித்தான். ஃபாரம் என்று எது வந்தாலும் என் கைக்கு வரும். அதில் 'மொபைல் எண்' என்று ஒரு கட்டம் இருக்கும். நான் காலேஜில் சேர்ந்து போன் வாங்கிய நாளிலிருந்து, அந்தக் கட்டத்தில் என் நம்பரை எழுதுவதே வழக்கமாகிவிட்டது. இன்றைக்குப் பதினோரு வீட்டு சிலிண்டர் என் சட்டைப் பையில்தான் வந்து இறங்குகிறது. எங்கள் அம்மாவின் சிலிண்டரும் அதில் ஒன்று; ஓடிபி வந்தால் ஓடிப்போய்ச் சொல்வதும் நான்தான்.

சிரிப்பு அடங்கியதும் டெமோவை முடித்தேன். கைதட்டினார்கள். பால்கோவா சாப்பிட்டோம். சிலிண்டர் ஏதோ சொல்ல வந்தது என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

எங்கள் தொழிலைப் பற்றி இரண்டு வரி. நானும் என் நண்பன் பிரவீனும் சேர்ந்து நடத்துகிற கம்பெனி இது. தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிற யூனிட்டுகள் நிறைய உண்டு. துணியை யூனிட்டில் வெட்டி, பண்டில் பண்டிலாகக் கட்டி வைப்பார்கள். பெண்கள் வந்து எடுத்துப்போய், வீட்டில் தைத்து, திருப்பிக் கொண்டுவந்து தருவார்கள். எந்தப் பண்டில் யார் வீட்டில் இருக்கிறது, எப்போது வரும்? இதைச் சொல்வதுதான் எங்கள் ஆப். கணேசன் அண்ணாச்சி என்பவரின் யூனிட்தான் எங்கள் முதல் கஸ்டமர். ஒரே கஸ்டமரும் அவர்தான். அவர் போனால் கம்பெனி போச்சு. ஆளுக்கொரு பேக்கைத் தூக்கிக்கொண்டு சென்னை பஸ்ஸைப் பார்க்க வேண்டியதுதான்.

திங்கட்கிழமை ஒரு புது வசதியைத் தொடங்கினோம். பண்டில் வரத் தாமதமானால் தானாகவே மெசேஜ் போகும். வாசகம் நான் எழுதியது: 'தங்கள் பண்டில் இரண்டு நாள் தாமதம். உடனடியாக ஒப்படைக்கவும்.' எழுதிவிட்டு இரண்டு முறை வாசித்துப் பார்த்துத் திருப்திப்பட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மெசேஜின் கீழே பிரவீனின் நம்பரைப் போட்டிருந்தோம். செவ்வாய்க்கிழமை காலை அவன் போன் அடித்தது. அவன் "ஹலோ" சொல்வதற்குள் எதிர்முனையில் ஒரு கனத்த குரல்.

"யாருல நீ? எம்பொண்டாட்டிக்கு எதுக்கு மெசேஜ் அனுப்புத?"

"சார், நாங்க ஒரு ஆப்பு..."

"ஆப்பா? நான் மதுர ஸ்டேஷன்ல ஏட்டு. நேர்ல வாரியா, நான் வரவா?"

பிரவீன் போனை மேஜையில் மெதுவாக, முட்டையை வைப்பதுபோல வைத்தான். அது மறுபடி அடித்தது. இந்த முறை கோயம்புத்தூரிலிருந்து ஒரு லாரி டிரைவர். அடுத்தது சவுதி.

கொஞ்ச நேரத்தில் என் போனில் அண்ணாச்சி. அவர் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "தம்பி, செத்த இங்க வந்துட்டுப் போங்க."

போனேன். யூனிட் வாசலில் நைட்டித் துணிகள் மலையாகக் குவிந்து கிடந்தன. கை வைத்தது, கை வைக்காதது, கழுத்துப்பட்டி மட்டும் தைத்தது என்று எல்லாம் அரைகுறை. பெண்கள் காலையிலேயே வந்து பண்டில்களை வாசலில் போட்டுவிட்டுப் போய்விட்டார்களாம்.

"தீவாளி லாட்டு தம்பி இது," என்றார் அண்ணாச்சி. "நான் பதினஞ்சு வருசமா பண்டில் குடுக்கேன். லேட்டானா நானே போன் போட்டு, 'என்னம்மா, கையி முடிஞ்சுதா, கழுத்து முடிஞ்சுதா'ன்னு கேப்பேன். அதுக வீட்டுல எவன்ட்டயும் போயி நான் கேட்டது இல்ல."

"என்ன ஆச்சுன்னு பாத்துச் சரி பண்ணிருதேன் அண்ணாச்சி."

"சனிக்கிழமை வரைக்கும் பாப்பேன். அதுக திரும்ப வந்து பண்டிலைத் தூக்குனா ஒங்க ஆப்பு இருக்கட்டும். இல்லாட்டி, கோவிச்சுக்கிடாதீங்க, எனக்குப் பழைய போனே போதும்."

மறுநாள் மகாலட்சுமி அக்காவின் வீட்டுக்குப் போனேன். அவர்தான் முதலில் பண்டிலைத் திருப்பிப் போட்டவர் என்று சொன்னார்கள். முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று வயது இருக்கும். கணவர் ராணுவத்தில், இப்போது அஸ்ஸாமில். தையல் மிஷின் ஜன்னலோரம் இருந்தது. அதன் மேல் ஒரு பெட்ஷீட்டைப் போர்த்தியிருந்தார்.

"மெசேஜ் எழுதுன தம்பி நீங்கதானா?"

"ஆமாக்கா."

"கடுதாசி நல்லா எழுதுதீய. சம்மன் மாதிரியே இருக்கு."

அவரே தொடர்ந்தார். மூன்று மாதத்துக்கு முன்னால் அவருக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்திருக்கிறது. லீவு முடிந்து திரும்பும்போது, ஆறு மாதத்துக்கு மிஷினைத் தொடக்கூடாது என்று கணவர் சத்தியம் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.

"எம்புட்டு நாளுதான் சும்மா ஒக்காந்திருக்க? உடம்பு தேறிருச்சு, மெல்ல மெல்லத் தச்சேன். வெவரத்தை லீவுல வரும்போது பக்குவமாச் சொல்லிக்கிடலாம்னு இருந்தேன். அதுக்குள்ள ஒங்க கம்ப்யூட்டரு முந்திக்கிட்டு அவியகிட்ட ஒப்பிச்சிருச்சு. டியூட்டில நிக்கும்போது பாத்திருக்காவ. 'உடனடியாக ஒப்படைக்கவும்'னு. ரெண்டு நாளா நான் கூப்பிட்டா எடுக்க மாட்டேங்காவ."

"நான் வேணா அவருகிட்டப் பேசட்டுமாக்கா? தப்பு எங்களோடதுன்னு சொல்லுதேன்."

"நீங்க பேசி? பொய் சொன்னது நானு. அதை நானே சொல்லிக்கிடுதேன். ஏற்கெனவே நீங்க சொன்னது போதும்."

நியாயம்தானே? கேட்க வந்ததைக் கேட்டேன். "ஏங்க்கா, அன்னைக்கு நம்பர் கேட்டப்ப அவரு நம்பரை எதுக்குச் சொன்னீங்க?"

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"நீங்க நம்பர் கேட்டீய. எனக்குத் தெரிஞ்ச நம்பர் அது ஒண்ணுதான். ரேஷன்ல கேட்டாலும், பள்ளிக்கூடத்துல கேட்டாலும், ஆசுபத்திரில கேட்டாலும் அதைத்தான் சொல்லுவேன். என் நம்பரு எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு நானே போன் போடுவனா?"

யூனிட்டில் பிளாஸ்டிக் சேர் போட்டு, லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு இருபத்து மூன்று பேரிடமும் நம்பர் கேட்ட அந்த ஒரு மணி நேரம் ஞாபகம் வந்தது. ஒருவர்கூடப் போனைப் பார்க்கவில்லை. பத்து இலக்கத்தையும் தட்டுத் தடுமாறாமல் சொன்னார்கள். எனக்கு அது எவ்வளவு பிடித்திருந்தது தெரியுமா? அதுதான் முதல் எச்சரிக்கை என்று இப்போது தெரிகிறது. சொந்த நம்பர் என்றால் கொஞ்சமாவது தடுமாறியிருப்பார்கள். ஓடிபி அனுப்பியிருந்தால் அந்த நிமிடமே உண்மை வெளியே வந்திருக்கும். அதைத்தான் தொல்லை என்று தூக்கிவிட்டு, மேடை போட்டுப் பெருமை வேறு பேசினேன். பதினோரு வீட்டு மெசேஜைத் தன் போனில் வாங்குகிற ஒருவனுக்கு, ஃபாரத்தில் இருக்கும் நம்பர் வேறு, ஆள் வேறு என்பது தெரியாமல் போனது எப்படி?

"சரி, ஒங்க நம்பரைச் சொல்லுங்கக்கா" என்றேன், மறுபடியும் முட்டாளாக.

"அதான் தெரியாதுன்னு சொன்னேன்லா. ஒங்க நம்பரைச் சொல்லுங்க, ஒரு மிஸ்டு கால் குடுக்கேன்."

சொன்னேன். ஒரு ரிங். வைத்துவிட்டார். என் திரையில் அவருடைய நம்பர் நின்றது. அவர் கையில் இருக்கிற, அவர் மட்டுமே எடுக்கிற போனின் நம்பர். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன தம்பி, விழலையா?"

"விழுந்துருச்சுக்கா."

பஸ்ஸில் வரும்போதே பிரவீனிடம் போனில் சொல்லிவிட்டேன். வியாழனும் வெள்ளியும் அவன் நாற்காலியை விட்டு அதிகம் எழவில்லை. 'மொபைல் எண்' என்ற கட்டத்தை ஆப்பிலிருந்தே எடுத்துவிட்டோம். இனி யாரும் நம்பர் சொல்ல வேண்டாம். ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் போதும். எந்தப் போனிலிருந்து கால் வருகிறதோ அதற்குத்தான் மெசேஜ் போகும். பழைய நம்பர்கள் எல்லாவற்றையும் அழித்தோம். 'உடனடியாக ஒப்படைக்கவும்' என்பதையும் அழித்தோம். அண்ணாச்சி கேட்பது போலவே கேட்டுவிட்டால் என்ன? 'கை முடிந்ததா, கழுத்து முடிந்ததா?' இப்போதைய வாசகம் அதுதான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டு, மறுநாள் யூனிட்டுக்கு வந்து ஒரு மிஸ்டு கால் கொடுக்கச் சொன்னேன். சிலர் சிரித்தார்கள். ஒருவர் கதவைத் திறக்கவில்லை. ஏட்டு வீட்டுக்குப் பிரவீன் வர மறுத்துவிட்டான்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு யூனிட்டில் போய் உட்கார்ந்தேன். பத்து மணிவரை யாரும் வரவில்லை. அண்ணாச்சி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஒரே பக்கத்தை நெடுநேரமாகப் படித்தார். பத்தே காலுக்கு இரண்டு பேர் வந்தார்கள். பிறகு நான்கு பேர். மிஸ்டு காலுக்காக மேஜை மேல் வைத்திருந்த போன் ஒரு ரிங் அடிப்பதும் அடங்குவதுமாக இருந்தது. மத்தியானத்துக்குள் பத்தொன்பது பேர். நான்கு பேர் வரவேயில்லை. ஏட்டு மனைவியும் அதில் ஒருவர்.

மகாலட்சுமி அக்கா கடைசியில்தான் வந்தார். நான் கேட்பதற்கு முன் அவரே சொன்னார்.

"நேத்து அவியளே கூப்பிட்டாவ. ஏசுனாவ, அழுதாவ, பொறவு சமாதானமாயிட்டாவ. பாதிப் பண்டில்தான் எடுக்கணுமாம். அதுக்கு மேல எடுத்தா லீவு போட்டுட்டு வந்துருவாவளாம்."

அண்ணாச்சி பண்டிலை அவிழ்த்து, பாதியை எண்ணிக் கட்டிக் கொடுத்தார். எனக்கு வேறு கவலை. எங்கள் ஆப்பில் பாதிப் பண்டில் என்று ஒன்று கிடையாது. பிரவீனுக்குப் போன் போட்டேன். அவன் பெருமூச்சு விட்டது அங்கிருந்த எல்லோருக்கும் கேட்டது.

"இந்த லாட்டு முடியட்டும் தம்பி," என்றார் அண்ணாச்சி, வாசலில் காலியாகக் கிடந்த இடத்தைப் பார்த்தபடி. "ஆப்பு இருக்கட்டும். நானும் பழக்கத்துக்குப் போன் போடுவேன். அதைத் தடுக்காதீங்க."

சென்னை பஸ் இப்போதைக்கு நாங்கள் இல்லாமல்தான் போகும்.

சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்து, வீட்டில் பேக்கை வைத்ததும் முதல் வேலையாக அம்மாவின் கேஸ் கணக்கில் இருக்கும் என் நம்பரை மாற்ற உட்கார்ந்தேன். புதிய மொபைல் எண் என்று கேட்டது. கை அப்படியே நின்றது. அம்மாவின் நம்பர் எனக்குத் தெரியாது. என் போனில் அது 'அம்மா' என்று இருக்கிறது. பத்து இலக்கமாக நான் அதைப் பார்த்ததே இல்லை. எடுத்துப் பார்த்து அடித்தேன். ஓடிபி அவருடைய போனுக்குப் போனது. எழுந்து போய் வாங்கிப் பார்க்கலாம் என்று நினைப்பதற்குள் அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

"ஏலே, ஏதோ வந்திருக்கு. நாலு, பூஜ்யம், ஏழு, ஏழு, ரெண்டு, ஒம்போது. இதுவா?"

எங்கள் அம்மாவுக்கு எழுத்து தெரியாது. அதனால் எண்ணும் தெரியாது என்று நானே முடிவுகட்டிவிட்டேன் போல. பஸ் நம்பர் பார்த்து ஏறுகிறவர், இத்தனை வருடமாக... நான் கேட்டதே இல்லையே.

"அதேதாம்மா."

"இதுக்கா இம்புட்டு நாளா நீ ஓடியாந்த?"

பதினோரு வீட்டில் ஒன்று குறைந்தது. நாளைக்குப் பாப்பாத்தி அத்தையிடம் ஒரு மிஸ்டு கால் கேட்க வேண்டும்.