ஃப்ரிட்ஜ் ஓரத்தில் ஒரு ரிமோட்

ரிமோட்டைத் தொடையில் ஓங்கி ஓங்கித் தட்டிக்கொண்டிருந்த கைதான், பெரியம்மாவை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருகிறது. எதிரே டிவித் திரையில் அவருடைய மகனின் படம். அதன் கீழே பச்சைப் பொத்தான். டொராண்டோவிலிருந்து ஞாயிறு தவறாமல் சாயங்காலம் ஏழு மணிக்கு வரும் வீடியோ அழைப்பு அது. பச்சையை அமுக்க ரிமோட் வேண்டும். ரிமோட்டோ சார்ஜ் இல்லாமல் கட்டையாகக் கிடந்தது. மணி அடித்து அடித்து ஓய்ந்தது. பெரியம்மா ரிமோட்டைச் சோபாவில் வீசி எறிந்தார். எறிந்த மறு நிமிஷமே போய் எடுத்து முந்தானையால் துடைத்தார். பெற்ற பிள்ளை கண் முன்னால் வந்து நின்றும் ஒரு வார்த்தை பேச முடியாமல் போன ஆத்திரம் அவருக்கு.

ஃபோனில் பேசினால் போயிற்று, இதற்கு என்ன இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று தோன்றும். பெரியம்மா டெலிஃபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக வேலை பார்த்தவர். முப்பது வருஷத்துக்கு மேல் காதில் ஹெட்ஃபோன். எழுபதைத் தாண்டியதும் இரண்டு காதும் அநேகமாகப் போய்விட்டன. "ஊருக்கெல்லாம் லைன் போட்டுக் குடுத்தேன், என் லைன் கட்டாயிடுச்சு" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். காது மிஷின் வாங்கிக் கொடுத்தால், உள்ளே யாரோ கிரைண்டர் போடுகிறார்கள் என்று கழற்றி வைத்துவிடுவார். உதடு அசைவதைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்ளப் பழகியிருந்தார். செல்ஃபோனில் மகன் முகம் தபால் தலை அளவுக்குத்தான் தெரிகிறது என்பதால், எனக்கு அண்ணன் முறையான அந்த மகனே இந்தப் பெரிய டிவியை வாங்கிக் கொடுத்திருந்தான். அதற்கு வந்த ரிமோட்டில் பேட்டரி போட இடமே கிடையாது. செல்ஃபோன் மாதிரி வயரைச் செருகிச் சார்ஜ் ஏற்ற வேண்டும்.

அந்த ஞாயிறு நான் மந்தைவெளியில் அவர் ஃபிளாட்டில்தான் இருந்தேன். நான் அடையாற்றில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். காலாண்டு விடுமுறைக்குப் பெரியம்மாவோடு ஒரு வாரம் இருக்கலாம் என்று பையோடு போயிருந்தேன். டிவி மணி ஓய்ந்ததும் என் செல்ஃபோன் அடித்தது.

"மூணாவது வாரம், தெரியுமா உனக்கு? ஒரு ரிமோட்டைப் பார்த்துக்க முடியலைன்னா நாளைக்கு கேஸ் அடுப்பை எப்படிப் பார்த்துப்பாங்க? கோயம்புத்தூர்ல ஒரு முதியோர் ஹோம் பேசி வச்சிருக்கேன். அடுத்த ஞாயித்துக்கிழமையும் அம்மா எடுக்கலைன்னா டிக்கெட் போட்டுட்டு வந்து கூட்டிட்டுப் போயிடுவேன். நீ குறுக்க வராதே" என்றான் அண்ணன்.

அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஏழு கடல் தாண்டி உட்கார்ந்துகொண்டு, மணி அடிக்க அடிக்கத் தாய் எடுக்கவில்லை என்றால் எந்தப் பிள்ளைதான் பயப்படாது? அவன் சொன்னதைப் பெரியம்மாவின் முகத்துக்கு நேரே நின்று வார்த்தை வார்த்தையாகச் சொன்னேன். கடைசி வார்த்தை வரைக்கும் என் உதட்டைப் பார்த்தார். "வரட்டும். வந்து தாராளமா தங்கிட்டுப் போகட்டும். நான் இந்த வீட்டை விட்டு ஒரு அடி நகர மாட்டேன்" என்றார். சொல்லிவிட்டு அவரைக்காய் நறுக்கப் போய்விட்டார்.

ரிமோட்டை வைக்க நான் செய்யாத வித்தை இல்லை. அந்த வருஷத் தொடக்கத்தில் பாண்டி பஜார் நடைபாதையில் பல அறை வைத்த ஒரு ஸ்டாண்டு வாங்கிக் கொடுத்தேன். கண்ணாடி, சீப்பு, தைலம், மாத்திரை அட்டை எல்லாம் அதில் குடியேறி, ரிமோட் அடியில் போய்விட்டது. சோபாக் கைப்பிடியில் ஒரு துணிப் பை தைத்து மாட்டினேன். சோபா உறை துவைக்கப் போனபோது ரிமோட்டும் கூடவே பக்கெட் வரைக்கும் போய்வந்தது. சார்ஜ் போடுவது அதைவிட வம்பு. டிவிக்குப் பின்னால் இருக்கும் பிளக்குக்குப் பெரியம்மாவால் குனிய முடியாது, முழங்கால் அப்படி. அதனால் ரிமோட்டை உள்ளறைக்குக் கொண்டுபோய், கட்டில் பக்கத்துப் பிளக்கில் செல்ஃபோன் வயரைச் செருகி வைப்பார். தினமும் வைப்பார். நானே பார்த்திருக்கிறேன். அப்படியும் ரிமோட் செத்துப்போனது என்றால் யாரோ பிடுங்குகிறார்கள் என்றுதானே அர்த்தம்?

பெரியம்மா அப்படித்தான் முடிவு கட்டினார். திங்கட்கிழமை காலையில் வீட்டு வேலைக்கு வரும் பெண்ணைப் பிடித்துக்கொண்டார். பெருக்கும்போது வயரை இழுத்துவிடுகிறாய், உன்னால் என் பிள்ளை என்னைக் கொண்டுபோய் ஹோமில் தள்ளப் போகிறான் என்று பொரிந்து தள்ளினார்.

அந்தப் பெண் துடைப்பத்தைக் கீழே போட்டாள். "இன்னாமா பேசற நீ? உன் ரிமோட்டு எங்க கீதுன்னே எனக்குத் தெரியாது. நா இன்னாத்துக்கு அத்தத் தொடப் போறேன்? பன்னெண்டு வருசமா வந்துகினு கீறேன், ஒரு ஸ்பூன் காணோம்னு சொல்லியிருப்பியா?" என்று கேட்டுவிட்டு, அழுதுகொண்டே பாத்திரம் துலக்கினாள். அவள் வாயசைவு பெரியம்மாவுக்கு நன்றாகவே புரிந்தது. இருந்தும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

புதன்கிழமை வெளியே கிளம்பும் முன்னால் நானே ரிமோட்டைச் சார்ஜில் போட்டேன். சிவப்பு விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தேன். நாலு மணிக்குக் குளத்தங்கரைப் பக்கம் காய் வாங்க இரண்டு பேரும் கிளம்பினோம். நான் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றேன், நின்றேன், நின்றுகொண்டே இருந்தேன். பெரியம்மா உள்ளே சுற்று வந்துகொண்டிருந்தார். கேஸை மூடினார். ஹீட்டர் சுவிட்ச், மிக்ஸி சுவிட்ச், ஹால் ஃபேன், டிவி, உள்ளறை என்று ஒவ்வொன்றாக அணைத்துவிட்டு வந்து பூட்டைப் போட்டார். எங்கள் குடும்பத்துப் பெண்கள் எல்லோருக்கும் இருக்கும் நோய் இது. வெளியே கிளம்பினாலும் சரி, படுக்கப் போனாலும் சரி, வீட்டில் ஒரு பிளக்கிலும் கரண்ட் ஓடக் கூடாது. என் அம்மா ரயில் ஏறிய பிறகு மிக்ஸி சுவிட்சை நினைத்து இறங்கப் பார்த்தவர். எனக்கும் அந்தக் கை உண்டு.

திரும்பி வந்து பார்த்தால் ரிமோட் செத்த பாம்பாகவே கிடந்தது. வயர் செருகினது செருகினபடி இருந்தது. சுவிட்ச் மட்டும் மேலே, அணைந்து நின்றது.

நான் அந்தச் சுவிட்சைப் பார்த்தபடியே நின்றேன். பெரியம்மாவும் வந்து பார்த்தார். ராத்திரி செருகி வைத்துவிட்டு, படுக்குமுன் சுற்று வரும்போது அதே கையால் அணைத்திருக்கிறார். அத்தனை மாதமும் எப்போதாவது தங்கிய கொஞ்ச நஞ்சச் சார்ஜில்தான் வண்டி ஓடியிருக்கிறது. கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "நானாடி?" என்றார். அப்புறம், நான் அதுவரை கேட்டிராத ஒரு குரலில், "அவன் சொல்றது சரிதானோ? எனக்குப் புத்தி பிசகுதோ?" என்றார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "இது மறதி இல்லை பெரியம்மா. மறக்காம அணைக்கிறீங்க பாருங்க, அதுதான் வம்பு" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

சுவிட்சுக்கு மேல் 'அணைக்காதே' என்று ஒரு சீட்டு எழுதி ஒட்டலாம் என்றேன். அவ்வளவுதான், பெரியம்மா நிமிர்ந்துவிட்டார். "சீட்டு ஒட்டினா அவன் வந்து என்ன பார்ப்பான்? அம்மாவுக்கு மறதின்னு நானே எழுதி ஒட்டினதைப் பார்ப்பான். அறுபது வருஷத்துக் கை, என்னைக் கேட்டுக்கிட்டா போகுது? அது மாறாது. சார்ஜ் போடற இடத்தை மாத்து. நான் அணைக்காத சுவிட்ச் எதுன்னு யோசி" என்றார்.

யோசித்தது அவர்தான், நான் இல்லை. விடிந்ததும் காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, ஹாலில் நிற்கும் ஃப்ரிட்ஜைக் காட்டினார். வாங்கின நாளிலிருந்து அதன் சுவிட்சில் கை வைத்ததே இல்லை. தோசை மாவு பொங்கிவிடும், பால் கெட்டுவிடும் என்ற பயம் கைக்கே தெரியும். சமையலறையில் இடம் போதாமல் ஹாலுக்கு வந்த ஃப்ரிட்ஜ், டிவியிலிருந்து நாலு அடிதான்.

வேலைக்கு அந்தப் பெண் வந்ததும் பெரியம்மா எழுந்து நின்றார். "தப்பு என்னுது. நான்தான் அணைச்சிருக்கேன். உன்னைச் சொன்னது பாவம்" என்றார். என் வாழ்நாளில் பெரியம்மா யாரிடமும் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்தது அன்று ஒருமுறைதான். "வுடுமா, பெத்த புள்ளைய வச்சி பயந்துட்ட" என்று அவள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டாள்.

அன்றைக்கே தி.நகர் போனோம். ரங்கநாதன் தெரு நெரிசலில் பெரியம்மா கைப்பையில் ரிமோட்டை எடுத்துவந்து, பிளாஸ்டிக் சாமான் கடையில் ஒவ்வொரு டப்பாவாக அதை நிற்க வைத்துப் பார்த்தார். கடைக்காரருக்குத் திருநெல்வேலிப் பக்கம். "என்னம்மா, ரிமோட்டுக்கு மாப்பிள்ளை பாக்கீங்களா?" என்றார். பல் துலக்கும் பிரஷ் போட்டுவைக்கும் நீள டப்பா ஒன்று அளவாக அமைந்தது. வெள்ளிக்கிழமை எலக்ட்ரீஷியன் வந்து, ஃப்ரிட்ஜின் பிளக்கோடு சேர்த்துத் தனிச் சுவிட்ச் இல்லாமல் இன்னொரு பிளக் வைத்தார். டப்பாவின் அடியில் ஓட்டை போட்டு, வயரின் முனை மேலே பார்த்து நிற்கும்படி பசை வைத்து இறுக்கி, ஃப்ரிட்ஜின் பக்கவாட்டில், பெரியம்மா சோபாவை விட்டு எழுந்தால் கைக்கு எட்டும் உயரத்தில் ஒட்டினோம். ரிமோட்டை உள்ளே இறக்கினால் நேராக வயரில் போய் உட்காரும். குனிய வேண்டாம், தேட வேண்டாம். வைக்கும் இடமே சார்ஜ் ஏறும் இடம்.

எனக்கு அந்தச் சின்ன முனையில் சரியாக உட்கார வைக்கவே நாலு தடவை ஆயிற்று. பெரியம்மா கண்ணை மூடிக்கொண்டு இறக்கினார். முதல் தடவையே சிவப்பு விளக்கு எரிந்தது. "எக்ஸ்சேஞ்ச் போர்டுல ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் வாட்டி செருகினவ நான்" என்றார். சனிக்கிழமை முழுக்க நான் வீட்டை விட்டு வெளியே போவது போல் நடிக்க, அவர் சுவிட்ச் சுற்று வந்து வந்து சோதித்தார். ஒருமுறைகூட அந்தக் கை ஃப்ரிட்ஜ் பக்கம் போகவில்லை.

ஞாயிறு ஆறு மணிக்கே தலை வாரி, பொட்டு வைத்து, நல்ல புடவை கட்டி உட்கார்ந்துவிட்டார். ஏழு மணிக்குத் திரையில் அண்ணன் முகம் வந்தது. பெரியம்மா நிதானமாக எழுந்து ரிமோட்டை எடுத்து, பச்சையை அமுக்கினார்.

"யார் எடுத்தது? அவளா?" என்றான் அண்ணன் எடுத்த எடுப்பில்.

"நான்தான்டா."

"இன்னைக்கு அவ இருக்கா, சரி. அவ வீட்டுக்குப் போனப்புறம்? இல்லம்மா, அந்த ஹோம் நல்ல இடம். எல்லாத்துக்கும் ஆள் இருக்கு. நீங்க ஒண்ணுமே செய்ய வேணாம்."

பெரியம்மா மறைத்திருக்கலாம், ரிமோட் ரிப்பேர் என்று சொல்லியிருக்கலாம். நான் அதைத்தான் செய்திருப்பேன். அவர் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். தன் கையாலேயே அணைத்ததையும், வேலைக்காரப் பெண் மேல் பழி போட்டதையும்கூடச் சொன்னார். அண்ணனின் முகம், நான் சொன்னேன் பார்த்தாயா என்பது போல் மாறியது. பெரியம்மா ஒரு அடி முன்னால் போய்த் திரைக்கு நேரே நின்றார்.

"தப்புப் பண்ணேன். கண்டுபிடிச்சேன். சரி பண்ணேன். நாளைக்கு வேற ஒண்ணு தப்பாகும், அதையும் சரி பண்ணுவேன். அங்க போனா என் தப்பையெல்லாம் வேற யாராவது சரி பண்ணிடுவாங்க. அப்புறம் நான் எதுக்குடா இருக்கணும்?"

அண்ணன் தலையைக் குனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"வாயை அசைடா. எனக்கு ஒண்ணும் தெரியலை" என்றார் பெரியம்மா.

"சரிம்மா. அங்கேயே இருங்க" என்றான்.

"என்ன?" என்றார், அவன் உதட்டையே பார்த்தபடி. அவருக்கு முதல் தடவையே புரிந்துவிட்டது என்பது பக்கத்தில் நின்ற எனக்குத் தெரியும். அண்ணன் மறுபடியும், மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னான். அதற்குப் பிறகு மூன்று வருஷம் பெரியம்மா அந்த வீட்டில் தனியாகவே இருந்தார். போன மாசி மாதம் அவர் உயிர் போனதும் அந்த வீட்டிலிருந்துதான்.