கம்பியில் கட்டிய பச்சைத்தோல்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பதினோரு வருஷம் மேல்தோல் தைத்தேன். கடைசி நாளன்று, நான் தைத்த ஜோடி சரியில்லை என்று சூப்பர்வைசர் அதை என் முகத்தில் விட்டெறிந்தான். தையலைத் தட்டிப் படியவைக்க ஆளுக்கொரு சின்னச் சுத்தி வைத்திருப்போம். அதை எடுத்துத் திருப்பி எறிந்தேன். அவன் காதை உரசிக்கொண்டு போய்ப் பின்னாலிருந்த டியூப்லைட்டில் பட்டது, கண்ணாடி மொத்தமும் அவன் தலைமேல் கொட்டியது. குறி தப்பிவிட்டதே என்று இன்றைக்கும் எனக்கு வயிற்றெரிச்சல். அன்றைக்கே வெளியே அனுப்பிவிட்டார்கள்.

என் வீட்டுக்காரர் டேனரியில், பதனிடாத பச்சைத்தோலைத் தரம் பிரிக்கிற வேலை செய்தார். சாதுவான மனுஷர்தான், ஆனால் அன்றைக்கு அவருக்கும் கோபம் வந்துவிட்டது. "இன்னாமே, சுத்தியத் தூக்கி எறிஞ்சா சோறு வந்துடுமா?"

மலையடிவாரத்தில் அம்மா எனக்கு விட்டுப்போன இரண்டு ஏக்கர் கொல்லை சும்மா கிடந்தது. "ஒரு போகம் மல்லாட்ட போட்றேன்," என்றேன். எங்கள் பக்கத்தில் வேர்க்கடலைக்கு அதுதான் பேர். "நல்லா வந்துச்சுன்னா இனிமே எந்தக் கம்பெனி லைன்லயும் போய்க் குந்த மாட்டேன். வரலன்னா வாயப் பொத்திக்கினு வேற கம்பெனிக்குப் போய்ட்றேன்."

"அப்பறம் பேச்சு மாறக் கூடாது."

"நீ மாறாம இரு, போதும்."

இப்படித்தான் என் மிச்ச வாழ்க்கை ஒரு போகத்தில் வந்து நின்றது.

ஏனோதானோ என்று விதைக்க நான் தயாரில்லை. வேளாண்மை அலுவலகத்தில் ஒரு பெண் அதிகாரி இருந்தார், என்னைவிடப் பத்து வயது சின்னவர். அவரை விடாமல் போய்க் குடைந்தேன். விதையை அரிசிக் கஞ்சியில் நுண்ணுயிர்ப் பொடி கலந்து புரட்டி நிழலில் உலர்த்தச் சொன்னார், செய்தேன். பாத்தி கட்டாமல், மேட்டு வரிசையாகப் பார் பிடித்துச் சொட்டுநீர்க் குழாய் போடச் சொன்னார், போட்டேன். மஞ்சள் அட்டையில் பசை தடவிக் கழிகளில் கட்டி நட்டேன், அசுவினிப் பூச்சி அதில் ஒட்டிக்கொண்டு செத்தது. வரப்பைச் சுற்றி ஆமணக்கு விதைக்கச் சொன்னார். கடலை இலையைத் தின்கிற புழுவின் தாய் அந்துப்பூச்சிக்கு ஆமணக்கு இலைமேல்தான் ஆசை அதிகமாம், அங்கே போய் முட்டையிடுமாம்.

மெய்தான். ஆமணக்கு இலையைத் திருப்பினால் அடியில் பழுப்பு ரோமம் மூடிய முட்டைக் குவியல் இருக்கும். தினமும் காலையில் இலையோடு கிள்ளிக் கீழே போட்டுச் செருப்புக் காலால் அரைப்பேன். பொரிந்த புழுக்களாக இருந்தால் பச்சையாகப் பிதுங்கும். ஒவ்வொரு மிதிக்கும் சூப்பர்வைசர் பேரைச் சொல்லிக்கொள்வேன். பாவம் புண்ணியம் பார்க்கவில்லை. சொல்லப்போனால் ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.

நாற்பத்தைந்தாம் நாள் ஜிப்சம் போட்டு மண் அணைத்தோம். பூவிலிருந்து விழுது மண்ணுக்குள் இறங்கியது, காய் பிடித்தது. அதுவரை எட்டிப்பார்க்காத காட்டுப்பன்றிகள், காய் பிடித்ததும் மோப்பம் பிடித்துக்கொண்டு மலையிலிருந்து இறங்கிவிட்டன. ஒரு விடியற்காலை போய்ப் பார்த்தால் ஈசானிய மூலை முழுக்கப் புரட்டிப் போட்டிருந்தது. சப்பின காய்த்தோலும் மிதிபட்ட செடியுமாகக் கிடந்ததைப் பார்த்து, தலையில் அடித்துக்கொண்டு அழுதேன்.

பக்கத்துக் கொல்லைக்காரர், வீட்டுக் கரண்டை நேராகக் கம்பியில் கொடுக்கச் சொன்னார். மனுஷன் போனாலும் கரிக்கட்டைதான், அது வேண்டாம் என்றேன். அதிகாரி சொன்னபடி சோலார் வேலி போட்டோம். ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று கம்பி, அதில் விட்டுவிட்டு ஓர் அதிர்வு வரும். உதறித் தள்ளும், உயிரை எடுக்காது. வேலை செய்கிற வரைக்கும் பெட்டியில் டிக் டிக் என்று சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

"கம்பியில புல்லு படாமப் பாத்துக்கங்க அக்கா. சலூன்ல முடி வாங்கி வரப்புல தூவுங்க. பன்னி மோந்துக்கினே வரும், மூக்குல முடி ஏறினா திரும்பிடும்," என்றார் அதிகாரி.

சலூன் முடி! எனக்குச் சிரிப்பு வந்தது. வீட்டில் ஒரு டேனரிக்காரரை வைத்துக்கொண்டு நான் ஏன் சலூன் வாசலில் போய் நிற்க வேண்டும்? "இந்தாய்யா, பச்சைத்தோல்ல வெட்டிப் போட்ற துண்டு ஒரு மூட்ட எடுத்துக்கினு வா," என்றேன். முடியும் இருக்கும், செத்த வாடையும் இருக்கும், பன்றி கிட்டேயே வராது என்று என் கணக்கு. அவரும் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. முடியும் கொழுப்புமாக ஒரு மூட்டை ஆட்டுத்தோல் துண்டுகள் வந்தன. சணலில் கோத்து, மேல் கம்பியில் முழத்துக்கு ஒன்று கட்டினேன். என் முடிச்சு ஒன்றுகூட அவிழவில்லை.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு மட்டுமே வரக்கூடிய புத்தி அது. பிறந்ததிலிருந்து அந்த வாடையிலேயே கிடக்கிறோம், எங்கள் மூக்கு அதை இறைச்சி வாடையாகவே எடுத்துக்கொள்வதில்லை. வெளியூர்க்காரன் யாராவது ஒருத்தன் கூட இருந்திருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பான், இது நாய்க்குச் சோறு என்று. எங்கள் இரண்டு பேருக்கும் அது தோன்றவே இல்லை.

மூன்று நாள் பன்றி வரவில்லை. நான் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

நாலாம் நாள் விடியலில் நாய்ச் சண்டைச் சத்தம் கேட்டு ஓடினோம். பாலாற்றங்கரைக் குப்பைமேட்டு நாய்கள், ஒரு டஜனுக்குக் குறையாது. எகிறித் துண்டைக் கவ்வும், ஷாக் அடிக்கும், அடிபட்ட ஆத்திரத்தில் பக்கத்து நாயைக் கடித்துக் குதறும். ஒரு நாய் கம்பியில் சிக்கி இழுத்த இழுப்பில் வரிசையாக நாலு கழி சாய்ந்து கம்பி அறுந்து மண்ணில் கிடந்தது. டிக் டிக் சத்தம் நின்றுபோயிருந்தது. அந்த வழியாகப் பன்றிகளும் உள்ளே வந்துவிட்டிருந்தன. குட்டிகளை நாய்கள் துரத்த, ஒரு பெரிய ஆண்பன்றி நாய்களைக் குத்தித் தூக்கி எறிய, அவ்வளவும் என் நல்ல கடலைமேல் நடந்தது. காது கிழிகிற சத்தம். செடிமேலெல்லாம் ரத்தம் தெறித்திருந்தது.

என் வீட்டுக்காரர் தடியோடு எனக்கு முன்னால் ஓடினார். "யோவ், போவாதய்யா!" என்று கத்தினேன். ஆண்பன்றி திரும்பி நேராக அவர் தொடையில் குத்திற்று. வரப்போரம் மல்லாந்து விழுந்தார். பன்றி அவரை விட்டுவிட்டு மறுபடி கொல்லைக்குள் போய்விட்டது.

என் கையில் மண்வெட்டி இருந்தது. நான் கொல்லைக்குள் ஓடினேன். முதலில் ஒரு நாய், முதுகில் போட்டேன், எலும்பு முறிகிற சத்தம் கேட்டது, அது பின்னங்காலை இழுத்துக்கொண்டு நாலடி போய்ச் செத்தது. இன்னொன்று என் புடவையைக் கவ்வியது, முகத்திலேயே போட்டேன். குட்டியைக் கூட்டிக்கொண்டு காய் நிறைந்த பார்மேல் ஓடிய தாய்ப்பன்றியைத் துரத்தித் துரத்தி அடித்தேன். "சனியனே, என் மல்லாட்டைடீ! என் மல்லாட்டை!" என்று கத்தினது நான்தான், ஆனால் அந்தக் குரல் எனக்கே பயமாக இருந்தது. ஆண்பன்றி என் பக்கம் வந்தபோது அதன் மூக்கில் வெட்டு இறங்கியது. அலறிக்கொண்டு சாய்ந்த கழிகளைத் தாண்டி மலைப்பக்கம் ஓடிற்று. மற்றவையும் பின்னாலேயே சிதறின.

நான் கழிகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தி, அடியில் மண்ணைத் தள்ளி மிதித்தேன். அறுந்த கம்பியை முறுக்கிச் சேர்த்தேன். தோல் துண்டுகளைப் பிய்த்துத் தூர எறிந்தேன். டிக் டிக் சத்தம் வந்தது. அதற்குப் பிறகுதான் அவரிடம் போனேன்.

தொடை பிளந்திருந்தது. வரப்பு மண் ரத்தத்தில் ஊறிப்போயிருந்தது. புடவையைக் கிழித்து இறுக்கிக் கட்டி, ஆட்டோவில் போட்டு வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் ஆளே போயிருப்பார் என்று டாக்டர் திட்டினார். கட்டு மாற்றும்போது தையலைப் பார்த்து, "இந்தத் தையலுக்கு எங்க கம்பெனில மூஞ்சிலயே எறிவாங்க," என்றேன். நர்ஸ் சிரித்தார். வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. வலி ஜாஸ்தி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. மிச்சத்தைப் பிடுங்கினபோது செடிக்குச் செடி காய் தொங்கியது, உடைத்தால் ஓட்டுக்குள் இடமே இல்லாமல் பருப்பு. அதிகாரி இரண்டு ஊர்க்காரர்களைக் கூட்டிவந்து காட்டினார். என் வீட்டுக்காரர் ஊன்றுகோலோடு வந்து களத்தில் உட்கார்ந்தார். காய் ஆய்கிற பெண்கள் எல்லாரும் கேட்க, "இனிமே இவ கம்பெனிக்குப் போவ மாட்டா. பேச்சுன்னா பேச்சு. நான் தோத்துட்டேன்," என்றார். கை தட்டினார்கள். எனக்கு நெஞ்சு விம்மியது, பதினோரு வருஷத்தில் ஒருநாளும் அப்படி இருந்ததில்லை.

பொழுது சாய்ந்து பெண்கள் போன பிறகு, ஒரு கைப்பிடி காயை உடைத்து அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"அன்னிக்கு உன்ன மூணு வாட்டி கூப்ட்டேன்," என்றார். கோபமில்லை, சும்மா சொன்னார். "நீ கழி நட்டுக்கினு இருந்த. நாய், பன்னி எல்லாம் போயிடுச்சு அப்ப. ஒருவேள உனக்குக் கேக்கலையோ இன்னமோ."

கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். அதைத்தான் அவரும் எதிர்பார்த்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேட்டுச்சு," என்றேன்.