பீச்சாங்கையால் வார்த்த திராட்சை ரசம்

போர் முடிந்து, பட்டணத்துக்கு மதுவிலக்கு வருவதற்கு முந்தைய காலம் அது. சாந்தோமில் எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸுக்கென்று என் மனைவி திராட்சை ரசம் போடுவாள். பன்னீர் திராட்சையை நசுக்கி, ரேஷனில் மிச்சம் பிடித்த சர்க்கரையும் கொஞ்சம் கோதுமையும் பட்டையும் சேர்த்து, ஜாடியின் வாயைத் துணியால் கட்டி, நாள்தோறும் மரக்கரண்டியால் கிளறுவாள். அந்த வருஷம் பண்டிகை கழிந்தும் ஒரு புட்டியைத் தொடாமல் வைத்திருந்தோம். என் தங்கையைப் பெண் பார்க்க வருகிறவர்களுக்காக.

தங்கைக்கு இடது கைப் பழக்கம். அதைச் சொல்லியே இரண்டு இடங்கள் தட்டிப்போயிருந்தன. இது பரங்கிமலைக் குடும்பம். பையன் அவளைக் கோயிலில் பார்த்துச் சரி என்றுவிட்டான். அவன் அம்மாவின் சம்மதம்தான் பாக்கி. அதனால் வலது கையால் பரிமாறத் தங்கையைப் பழக்கினேன். ஒரு வாரம் எங்கள் ரோஜாத் தொட்டிகளுக்கெல்லாம் அவள் வலது கையால்தான் தண்ணீர் ஊற்றினாள். பாதி தரையில் போயிற்று.

அவர்கள் வெள்ளிக்கிழமை வருவதாகச் சொன்னார்கள். கத்தோலிக்கர்களான எங்கள் இரு வீட்டாருக்கும் அன்று கறி ஆகாது, நண்டு ஆகும். நிலாக் காலத்து நண்டில் சதை இருக்காது என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். ஆகவே அமாவாசையை ஒட்டிய வெள்ளியாகப் பார்த்து ஒப்புக்கொண்டேன். காலையில் அடையாறு முகத்துவாரத்துக்குப் போய், ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துக் கனமானவற்றை வாங்கி வந்தேன். மனைவி மிளகு தூக்கலாக வறுத்தாள். புட்டியை ஈரத் துணி சுற்றிப் பானைத் தண்ணீரில் வைத்தாள். மிளகுக் காரம் நாக்கில் நிற்கும்போது அந்த ரசம் ஒரு மிடறு உள்ளே போனால் காரம் அடங்கி, நண்டின் இனிப்பு மேலே வரும்.

மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் மேசையில் உட்கார்ந்தார்கள். தங்கை வலது கையால் கிளாஸ்களில் ரசம் ஊற்றினாள். புட்டி ஆடி, வெள்ளை விரிப்பில் சிவப்பாகச் சிந்தியது.

“மேசை கொஞ்சம் ஆடும்,” என்றாள் என் மனைவி.

“ஆடுனது மேசையா?” என்றார் அந்த அம்மா. நான் சோற்றுத் தட்டைக் கறைமேல் நகர்த்தினேன்.

பிறகு அந்த அம்மா, ஓடு உடைக்க நான் வைத்திருந்த பாக்குவெட்டியை ஒதுக்கிவிட்டு, கொடுக்கைப் பல்லால் கடித்தார். சிறிது நேரத்தில் இரண்டு கையும் மணிக்கட்டுவரை மசாலா.

“காரம் ஏறிக்கினே போவுது. பாப்பா, அந்த கிளாஸை எடுத்து வாயில ஊத்து. ரெண்டு கையும் நண்டுல கீது,” என்று அண்ணாந்தார்.

“இன்னா இது, வந்த எடத்துல?” என்றார் கணவர்.

“நீங்க உங்க நண்டைப் பாருங்க.”

தங்கை ஓடி வந்து கிளாஸை எடுத்தாள். இடது கையால். ரசம் மெல்லிய கோடாக நேரே விழுந்தது. கன்னத்தில் ஒரு சொட்டு இல்லை, புடவையிலும் இல்லை.

அந்த அம்மா விழுங்கிவிட்டுத் தங்கையின் கையைப் பார்த்தார்.

“பீச்சாங்கையா?”

“ஆமாங்க,” என்றாள் தங்கை. “அண்ணன்தான் சோத்தாங்கையில ஊத்தச் சொன்னாங்க. அதான் அப்ப சிந்திடுச்சு.”

நான் நண்டுத் தட்டை அந்த அம்மா பக்கம் நகர்த்தினேன்.

“அந்தக் கையால ஊத்தியிருந்தா என் மூக்குல போயிருக்கும்,” என்று அந்த அம்மா சிரித்தார். என் பக்கம் திரும்பினார். “தம்பி, எங்க வீட்டுல வந்து இதை வலது கைக்காரியா மாத்துற வேலையெல்லாம் வச்சுக்காத. கண்ணு, இன்னொரு வாய் ஊத்து. அதே கையால.”

அவர் கணவர் தன் கைகளைப் பார்த்தார். அவையும் மசாலாவாக இருந்தன.

“எனக்கும் கொஞ்சம்,” என்று அவரும் அண்ணாந்தார்.

அதன் பிறகுதான் என் தட்டிலிருந்த நண்டை உடைத்தேன். ஓடு கொள்ளாத சதை.